வாங்க, பிள்ளை மடுவத்துக்குள் எட்டிப் பார்க்கலாம்!

செருப்பை வாசலில் விடுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பையை மட்டும் தயவுசெய்து உயரத்தில் மாட்டுங்கள். கீழே வைத்தீர்களோ, ஐந்தே நிமிடத்தில் உங்கள் பேனா ஒருத்தன் காதில் இருக்கும், கண்ணாடி இன்னொருத்தி மூக்கில் இருக்கும், பஸ் டிக்கட் யாருடைய வயிற்றிலோ இருக்கும். ஆயிற்றா? சரி, குனிந்து வாங்க. இங்கே நாற்காலியெல்லாம் உங்கள் முழங்கால் உயரம்தான்!

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை என்று வளைந்து வளைந்து போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் என்ன தெரியும்? பச்சைப் பசேலென்று தேயிலை, காசல்ரீ நீர்த்தேக்கம், தூரத்தில் சிவனொளிபாதமலை, நடுவே தகரக் கூரை பளபளக்கும் ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை. வெளிநாட்டுக்காரர்கள் அந்த ஸ்டோருக்குள் வரிசையாகப் போய், கொழுந்து வாடுவதையும் அரைபடுவதையும் வாய் பிளந்து பார்த்துவிட்டு, ஒரு கோப்பைத் தேநீரோடு திரும்பிப் போகிறார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில், வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும், சுவரெல்லாம் முயலும் மயிலும் வரைந்த அந்தச் சின்னக் கட்டடத்தை ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. அடடா, உண்மையான கூத்து நடப்பதே அங்கேதானே!

பாட்டிமாருக்கு அது பிள்ளை மடுவம். சிலர் பிள்ளைக்காம்பரா என்பார்கள். கம்பனிக் கடிதத்தில் சிறுவர் அபிவிருத்தி நிலையம். டீச்சர்மார் சுருக்கமாக 'சி.டி.சி.' என்பார்கள். ஸ்டோரில் மெஷின் நின்றால் ஒரு நாள் கொழுந்து கெடும். இந்தக் கதவு ஒரு நாள் திறக்காவிட்டால் மலைக்குப் போக ஆளே இருக்காது. தேயிலைத் தொழில் முழுவதும் நிற்பது மூன்றடிகூட இல்லாத இந்தக் கூட்டத்தின் தயவில் என்று நான் சொன்னால் துரைமார் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும்!

காலை ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவே வந்து பார்க்க வேண்டும். பனி இன்னும் வாசற்படியைவிட்டு எழுந்திருக்காது. பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கும் காலை வரிசைக்கு, நேரமாகிவிட்டது. மேட்டு லயத்திலிருந்தும் பணிய லயத்திலிருந்தும் அம்மாமார் ஓட்டமும் நடையுமாக வருகிறார்கள். இடுப்பில் படங்கு, முதுகில் கூடை, ஒக்கலில் ஒன்று, கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. கைமாற்றம் கண் இமைக்கும் நேரத்தில் முடிகிறது. "டீச்சர், ராத்திரி மேலு லேசா சுட்டுச்சு, பாத்துக்கங்க." "ஆயம்மா, நேத்து ரொட்டிய தொடவே இல்ல, கொஞ்சம் ஊட்டி விடுங்க." டீச்சர் ஒரு கையால் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே மறுகையால் வரவு குறிக்கிறார். யார் பிள்ளைக்கு நேற்று இருமல், யாருடைய அப்பா கொழும்பிலிருந்து வந்திருக்கிறார், யார் புதிதாகச் செருப்பு வாங்கியிருக்கிறான், எல்லாம் அவர் தலைக்குள்.

அப்புறம் ஆரம்பிக்கும் அழுகைக் கச்சேரி! ஒன்று தொடங்க, மற்றதெல்லாம் சுருதி சேர்க்க, கூரைத் தகரம் அதிரும். ஆயம்மா அசையவே மாட்டார். அவருக்குக் கணக்குத் தெரியும். அம்மாவின் தலை தேயிலைக்குள் மறைந்ததும், அழுதவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு நேராகப் பொம்மைப் பெட்டிக்குப் போய்விடுவான். கேட்க ஆளில்லாத இடத்தில் அழுது என்ன லாபம்?

பத்து மணிவாக்கில் இன்னொரு பரபரப்பு. கொழுந்து நிறுத்துவிட்டு, கம்பளியிலிருந்து பனித்தண்ணீர் சொட்டச் சொட்ட இளம் தாய்மார் ஓடி வருகிறார்கள். பால் கொடுக்கும் நேரம். இதை யாரும் கருணை என்று நினைத்துவிடாதீர்கள், சட்டம்! 1939இல் பிறந்து பிறகு பலமுறை திருத்தப்பட்ட மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு ஒன்பது மணி நேர வேலைக்குள் இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளை மடுவம் இருந்தால் தலா அரை மணி நேரம், இல்லாவிட்டால் தலா ஒரு மணி நேரம். கம்பனிகள் ஏன் பிள்ளை மடுவத்தைக் கட்டி வைத்திருக்கின்றன என்பதற்கு அரைக் காரணம் இந்தக் கணக்கிலேயே ஒளிந்திருக்கிறது. மேல் மலையில் கொழுந்தெடுக்கும் தாய்க்கு இறங்கி வரவே கால் மணி நேரம் பிடிக்கும் என்பதைச் சட்டம் எழுதியவர் யோசித்தாரா, தெரியவில்லை. நிச்சயம் அவரை அட்டை கடித்திருக்காது.

இப்போது குசினிப் பக்கம் வாங்க. மெதுவாக, தரை ஈரம். வல்லாரையை அரைத்துப் பிழிந்து, சிவப்பரிசியோடும் தேங்காய்ப்பாலோடும் கொதிக்கவிட்ட இலைக்கஞ்சி அடுப்பில். குடித்து முடிந்ததும் அத்தனை பேருக்கும் பச்சை மீசை! அந்த மீசையோடு உங்களைப் பார்த்து ஒருவன் சிரித்தால், வந்த வேலை மறந்துபோகும். திரிபோஷா இருக்கும் நாளில் கொண்டாட்டம்தான். சோளமும் சோயாவும் சேர்ந்த அந்தச் சத்துமாவில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிசைந்து உருண்டை பிடிப்பார்கள். பிடிக்கும்போதே தட்டில் எண்ணிக்கை குறையும். யார் எடுத்தது என்று ஆயம்மா கேட்டால், வாய் நிறைய மாவை வைத்துக்கொண்டு எல்லோரும் தலையை ஆட்டுவார்கள்.

நிறை பார்க்கும் நாள் தனிக் காட்சி. உத்தரத்தில் தொங்கும் தராசில் துணிக் காற்சட்டை மாதிரி ஒன்று. அதில் காலை நுழைத்துப் பிள்ளையைத் தொங்கவிடுகிறார்கள். சிலது வீறிட்டுக் கத்தும். சிலது ஊஞ்சல் என்று நினைத்து இறங்க மறுக்கும். முள் நின்றதும் டீச்சரும் மருத்துவிச்சியும் அட்டவணையில் ஒரு புள்ளி வைக்கிறார்கள். போன மாதப் புள்ளியையும் இந்த மாதப் புள்ளியையும் சேர்க்கும் கோடு மேலே போனால் சிரிப்பு, படுத்தால் அம்மாவுக்கு அழைப்பு. அதே நேரம் கொழுந்து மடுவத்தில் அம்மாவின் கூடையும் ஒரு தராசில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பல தோட்டங்களில் அவளுக்கு 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம்.

கூத்துக்கு நடுவே ஒரு கசப்பையும் சொல்லித்தானாக வேண்டும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில் நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நூற்றுக்கு 17.3. தோட்டத்துறையில் 31.7. அந்தப் பச்சை மீசைக்குப் பின்னால் இருக்கும் அவசரம் இதுதான். ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும் வயிற்றை நிரப்பும். எலும்பை வளர்க்க அது போதாது. டீச்சர் கஞ்சிக் கோப்பையோடு ஒருவனைத் தேயிலைக்குள் ஓடும் வடிகான் வரை துரத்திக்கொண்டு ஓடுவதை வேடிக்கை பார்ப்பவர்கள், இந்த எண்ணையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் கதை மாறும். சோறு இறங்கியதும் கண்கள் சொக்கும். பழைய நாளில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் கட்டி, ஒரு ஆயம்மா இரண்டு கையால் இரண்டையும் காலால் மூன்றாவதையும் ஆட்டுவாராம். இப்போது திருத்தியமைத்த நிலையங்களில் கட்டிலும் மெத்தையும் வந்துவிட்டன. ஆனாலும் தொட்டில் ருசி கண்டதுகள் கட்டிலில் கிடத்தியதும் கண்ணைத் திறந்துகொள்ளும். தட்டிக்கொடுக்கும் கை நின்றதோ, போச்சு!

இந்த இடத்துக்கு ஒரு வரலாறும் உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள். வெள்ளைக்காரர் காலத்து மடுவம் என்பது நான்கு சுவர், ஒரு கிழவி, பத்துத் தொட்டில். மலைக்குப் போக முடியாத முதியவரைப் பிள்ளை பார்க்க வைப்பதுதான் வழக்கம். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனபோது, வீடும் சுகாதாரமும் பிள்ளைகளும் யார் பொறுப்பு என்ற கேள்வி வந்தது. அப்போது அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து அமைத்ததுதான் இன்று பெருந்தோட்ட மனித அபிவிருத்தி நிதியம் என்கிற, தோட்டத்தில் எல்லோரும் 'ட்ரஸ்ட்' என்கிற அமைப்பு. டீச்சர்மாருக்குப் பயிற்சி கொடுப்பது அவர்கள் வேலை. 2015இல் உலக வங்கி இலங்கையின் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்திக்கு 5 கோடி டொலர் கடன் கொடுத்தபோது தோட்டங்களுக்கும் ஒரு பங்கு வந்தது. ஓடு மாற்றிய கூரை, பிள்ளை உயரத்துக் கழிப்பறை, வாசலில் சறுக்குமரம் எல்லாம் அப்படி வந்தவைதான் பல இடங்களில்.

எழுந்தாச்சு! மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களின் ராஜ்யம் இனி. உடைந்த கொழுந்துக் கூடை ரயிலாகிறது. ஒருவன் நானுஓயா ஸ்டேஷன் மாஸ்டர், ஒருத்தி டிக்கட் தருகிறாள், டிக்கட் ஒரு தேயிலை இலை. இன்னொரு மூலையில் 'பெரட்டு' நடக்கிறது. நான்கு வயதுக் கங்காணி இடுப்பில் கை வைத்து, பிந்தி வந்தவளை விரட்டுகிறான். "போ, ஒனக்கு அரைப்பேருதான்!" டீச்சர் எனக்கு முன்னால் வெட்கப்பட்டுச் சிரிக்கிறார். பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்களோ அதைத்தானே விளையாடுவார்கள்.

நீங்கள் வர வேண்டிய நாள் எது தெரியுமா? ஒக்டோபர் முதலாம் திகதி, சிறுவர் தினம். மேடை என்பது வாசலில் விரித்த பாய், திரைச்சீலை யாரோ ஒருவருடைய கல்யாணச் சேலை. திரைக்குப் பின்னால் கலவரம்! மயிலின் தோகையை முயல் பிய்க்கிறது. பாரதியாருக்கு மீசை ஒட்டவில்லை. தேவதைக்கு ஒன்றுக்கு வருகிறது, ஆனால் சிறகைக் கழற்ற விடமாட்டாளாம். அரைநாள் லீவு கேட்டு வந்த அம்மாமார் முன்வரிசையில். கொழும்புக் கடைகளில் வேலை பார்க்கும் அப்பாமாரில் சிலர் முதல்நாள் இரவு பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போன தாய்மாருக்காக அம்மாயிமார் போனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார்கள், கை வலிக்க வலிக்க. மேடையில் நிற்கும் மயில் கூட்டத்தைப் பார்ப்பதேயில்லை, போனைத்தான் பார்த்து ஆடுகிறது.

தொழில் பெற்றோரைத் தூக்கிக்கொண்டு போகும் இடத்திலெல்லாம் பிள்ளைகளை யாராவது தாங்கிப் பிடிக்கத்தான் வேண்டும். படையினரின் குடும்பங்களில் உலகம் இதை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. முப்படையினரின் பிள்ளைகளுக்காகக் கொழும்பில் 2007இல் பாதுகாப்புச் சேவைகள் கல்லூரி திறக்கப்பட்டது. அமெரிக்க இராணுவ முகாம்களில் சிப்பாய்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்களுக்கு என்ன பெயர் என்று நினைக்கிறீர்கள்? அங்கேயும் சி.டி.சி.தான்! ஒரு காலத்தில் அவையும் அழுக்கும் ஆள் பற்றாக்குறையுமாகக் கிடந்தன. பார்த்துக்கொள்ளும் பெண்களுக்குக் கூலி சொற்பம், அதனால் ஒருவரும் தங்கமாட்டார்கள். 1989இல் அந்த நாட்டுக் காங்கிரஸ் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. பராமரிப்பாளரின் சம்பளத்தைப் பயிற்சியோடு முடிச்சுப் போட்டார்கள்: கற்கக் கற்க ஊதியம் ஏறும். பெற்றோர் கட்டும் பணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. சொல்லாமல் கொள்ளாமல் வருடத்துக்கு நான்கு முறையாவது சோதனை. சில வருடங்களில் அவை அந்த நாட்டுக்கே முன்மாதிரி ஆகிவிட்டன. சிப்பாய் நிம்மதியாக எல்லையில் நிற்க வேண்டுமென்றால் அவன் பிள்ளை நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று தளபதிகளுக்கே புரிந்துவிட்டது. வழுக்கும் மலையில், குளவிக்கூட்டுக்குப் பயந்து பயந்து, நாட்டுக்கு அந்நியச் செலாவணி பறிக்கும் பெண்ணுக்கும் அதே நிம்மதி வேண்டாமா?

  

நாலரை மணி. கொழுந்துக் கணக்கு முடிந்து அம்மாமார் இறங்கி வருகிறார்கள். காலையில் போகமாட்டேன் என்று கத்தியவன் இப்போது வரமாட்டேன் என்று கத்துகிறான். டீச்சர் ஒவ்வொருவருக்கும் மூக்குத் துடைத்து, பித்தான் பூட்டி, இன்றைக்கு எவ்வளவு சாப்பிட்டான் என்று ஒப்புவித்து அனுப்புகிறார். கடைசிப் பிள்ளை போகும்வரை அவரும் ஆயம்மாவும் உட்காரவில்லை.

தோட்டத்துச் சம்பளம் என்றால் நாம் எல்லோரும் நாளுக்கு ஆயிரம் ரூபா என்றும், 2024இல் 1,350 ரூபா என்றும், கிலோவுக்கு எவ்வளவு என்றும்தான் பேசிவந்திருக்கிறோம். தொழிற்சங்கத் தலைவர்களே, கம்பனிக்காரர்களே, அடுத்த பேச்சுவார்த்தை மேசைக்குப் போகும்போது இந்த டீச்சரையும் ஆயம்மாவையும் தனி வரியாக எழுதிக்கொண்டு போங்கள். அவர்கள் பயிற்சிக்கேற்ற சம்பளத்தைக் கேளுங்கள். அதற்கு முன்னால் ஒரு காலையில், ஆறரைக்கே, சொல்லாமல் கொள்ளாமல் இங்கே வந்து பாருங்கள். பையை மட்டும் உயரத்தில் மாட்டுங்கள்.