பாட்டி அடுக்கிய மேசை

எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. அதன் மேல்தட்டில் ஒன்பது பீங்கான் தட்டுகள், ஆறு தேநீர்க் கோப்பைகள், அவற்றுக்கான சாசர்கள், துணியில் சுற்றிய ஒரு கட்டு வெள்ளிக் கரண்டிகள். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அவற்றில் யாரும் சாப்பிட்டதில்லை. தீபாவளிக்கு முன்பு அம்மா தூசு துடைப்பார். பிறகு அலமாரி மூடிக்கொள்ளும்.

சென்ற ஆண்டு விருந்தோம்பல் துறையில் டிப்ளோமா படிக்கச் சேர்ந்தேன். முதல் பருவத்திலேயே உணவு மேசை அடுக்கும் செய்முறைத் தேர்வு இருந்தது. வீட்டில் பழகிப் பார்க்கலாமென்று எவர்சில்வர் கரண்டிகளை மேசைமேல் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பாட்டி எட்டிப் பார்த்தார்.

"கத்தி வாய் தட்டைப் பாத்து இருக்கணும்மா. நீ வெளியே திருப்பி வச்சிருக்கே," என்றார்.

பாடக் குறிப்பைப் புரட்டினேன். பாட்டி சொன்னதுதான் சரி. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவருக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டேன். அப்போதுதான் அந்தக் கதை வெளியே வந்தது.

பாட்டி பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். 16 வயதில் துரை பங்களாவில் வேலைக்குச் சேர்ந்தார். 11 ஆண்டுகள் அந்த வீட்டு மேசையை அடுக்கினார், பரிமாறினார், துடைத்தார். ஒரு நாள்கூட அந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. துரை குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பியபோது வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் போனார்கள். தன் சேமிப்பிலிருந்து பணம் கொடுத்துப் பாட்டி வாங்கியவைதான் அலமாரியில் இருந்தன.

"அப்புறம் ஏன் பாட்டி எடுத்துப் புழங்கல?"

"ஒடஞ்சிட்டா?" என்றார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சாசரை உடைத்ததற்கு அந்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்களாம். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

அடுத்த மாதம் பாட்டிக்கு 75வது பிறந்தநாள் வரவிருந்தது. அன்று அந்தத் தட்டுகளில்தான் சாப்பிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அதற்காகப் பாட்டியிடமும் பாடப் புத்தகத்திலிருந்தும் கற்றுக்கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இடம் எது, வலம் எது?

ஐரோப்பிய மேசையில் இத்தனை கரண்டிகள் ஏன்? முன்பெல்லாம் விருந்து என்றால் எல்லா உணவையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பிவிடுவார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஒவ்வோர் உணவாகச் சமையலறையிலிருந்து கொண்டுவந்து பரிமாறும் ரஷ்ய முறை பரவியது. ஒவ்வோர் உணவுக்கும் ஒரு கரண்டி தேவைப்பட்டது. சாப்பிடும் வரிசைப்படியே அவற்றை அடுக்கினார்கள். ஆகவே மனப்பாடம் செய்ய வேண்டிய விதி ஒன்றுதான்: வெளிப்புறத்தில் இருப்பதை முதலில் எடுங்கள், பிறகு படிப்படியாக உள்ளே வாருங்கள்.

முள்கரண்டிகள் தட்டுக்கு இடப்பக்கம். கத்திகள் வலப்பக்கம், அவற்றின் வெட்டும் விளிம்பு தட்டை நோக்கி இருக்க வேண்டும். சூப்புக் கரண்டி வலப்பக்கக் கடைசியில். இனிப்புக்கான கரண்டியும் முள்கரண்டியும் தட்டுக்கு மேலே படுக்கைவாட்டில். தண்ணீர்க் குவளை கத்தியின் நுனிக்கு நேர் மேலே. ரொட்டிக்கான சிறு தட்டு இடப்பக்கம்.

ஒருவருக்கு ஏறக்குறைய 60 செண்டிமீட்டர் இடம் விட்டால் முழங்கை இடிக்காது. கரண்டிகளின் அடிப்பகுதி எல்லாம் மேசை விளிம்பிலிருந்து 2.5 செண்டிமீட்டர் தள்ளி ஒரே கோட்டில் இருக்க வேண்டும். நான் அளவுகோலைத் தேடினேன். பாட்டி கட்டைவிரலை நீட்டி முதல் கணுவைக் காட்டினார். அளந்து பார்த்தேன், சரியாக இருந்தது.

இன்னொன்றையும் சொன்னார். சாப்பிட்டு முடித்தவர்கள் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் ஒட்டினாற்போல் சேர்த்து வைப்பார்கள். 'எடுத்துக்கொண்டு போகலாம்' என்பதற்கு அதுதான் அடையாளம். "அதையே பாத்துக்கிட்டு சுவரோரமா நிப்பேன்," என்றார் பாட்டி.

மண்ணும் எலும்புச் சாம்பலும்

பாட்டியின் தட்டுகளைத் திருப்பிப் பார்த்தால் அடியில் முத்திரை இருக்கிறது. பழைய பீங்கானின் வரலாறு அங்கேதான். 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் பொறித்திருந்தால் அது பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா அந்த ஆண்டில் கட்டாயமாக்கியதே காரணம்.

ஆங்கிலேயப் பீங்கானின் தாயகம் ஸ்டாஃபர்ட்ஷியர் வட்டாரம். ஜோசையா வெட்ஜ்வுட் 1759இல் தம் தொழிலைத் தொடங்கியது அங்கேதான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசையா ஸ்போட் களிமண்ணோடு மாட்டெலும்புச் சாம்பலைக் கலக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். அதுதான் 'போன் சைனா'. அதில் ஏறக்குறையப் பாதி எலும்புச் சாம்பல். இதனாலேயே சைவ உணவுக்காரர்கள் சிலர் அதைத் தவிர்ப்பதுண்டு. வெளிச்சத்துக்கு நேராகத் தட்டைப் பிடித்து, பின்னால் விரல்களை அசைத்துப் பாருங்கள். நிழல் தெரிந்தால் பெரும்பாலும் மெல்லிய போன் சைனா அல்லது நல்ல போர்சலின்.

விரிசல் இருக்கிறதா என்று அறிய, தட்டை விரல் நுனிகளில் ஏந்தி விளிம்பை மெதுவாகச் சுண்டுங்கள். நல்ல தட்டு மணிபோல ஒலிக்கும். விரிசல் விட்டது 'டொக்' என்று அடங்கிவிடும். எங்கள் ஒன்பதில் ஒன்று 'டொக்' என்றது.

ஓர் எச்சரிக்கை: பழைய பீங்கானின் மெருகிலும் வண்ணப் பூக்களிலும் ஈயம் கலந்திருக்கலாம். ரசம், புளிக்குழம்பு, எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பான உணவு அதைக் கரைத்தெடுக்கும். ஆகவே அவற்றை இத்தட்டுகளில் ஊற்ற வேண்டாம். விரிசல் விட்டவை அழகுக்கு மட்டும். தங்கக் கரை போட்டவற்றை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால் பொறி பறக்கும்.

வெள்ளி ஏன் கறுக்கிறது?

'ஸ்டெர்லிங்' வெள்ளி என்பது 92.5 விழுக்காடு வெள்ளி. மீதி பெரும்பாலும் செம்பு. '925' என்ற எண்ணோ, நடக்கும் சிங்கத்தின் ஆங்கிலேய முத்திரையோ இருந்தால் அது ஸ்டெர்லிங். 1840இல் பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. அதற்குப் பிறகு நடுத்தரக் குடும்பங்களும் வெள்ளி போலவே மின்னும் கரண்டிகளை வாங்க முடிந்தது. அத்தகையவற்றில் 'இ.பி.என்.எஸ்.' என்று பொறித்திருக்கும். உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. வெளியே மட்டும் வெள்ளிப் பூச்சு.

பாட்டியின் கரண்டிகளில் அந்த நான்கு எழுத்துகள்தான் இருந்தன. தயங்கித் தயங்கிச் சொன்னேன். பாட்டி சிரித்துவிட்டார். "பதினோரு வருசம் தேய்ச்சவளுக்குத் தெரியாதா? சில இடத்துல பூச்சே போயிருக்கே!"

காற்றிலும் உணவிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு வினைபுரிந்து கறுப்பு நிற வெள்ளி சல்பைடு உண்டாகிறது. முட்டை சாப்பிட்ட வெள்ளிக் கரண்டி சீக்கிரம் கறுப்பது இதனால்தான். ரப்பர் வளையத்தால் வெள்ளிக் கரண்டிகளைக் கட்டி வைக்கவே கூடாது. ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள். வளையம் பட்ட இடத்தில் கறுப்புக் கோடு விழுந்துவிடும். ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்த பாட்டி துணி நாடாவால்தான் கட்டி வைத்திருந்தார்.

கறுப்பைப் போக்க வேதியியல் பாடம் உதவும். ஒரு பாத்திரத்தின் உட்புறம் அலுமினியத் தாளை விரித்து, கரண்டிகள் அதைத் தொடும்படி வையுங்கள். சமையல் சோடாவைத் தூவிக் கொதிநீரை ஊற்றுங்கள். வெள்ளியைவிட வினைத்திறன் மிக்க அலுமினியம் வினையில் ஈடுபட, கறுப்புப் படலம் மீண்டும் வெள்ளியாக மாறும். லேசாக அழுகிய முட்டை வாடை வந்தால் பயப்படாதீர்கள், அது கந்தகச் சேர்மத்தின் வாடை. ஆனால் பசையால் பிடி ஒட்டிய கத்திகளைக் கொதிநீரில் போட வேண்டாம், பிடி கழன்றுவிடும்.

முழுத் தொகுப்பு தேவையா?

தேவையில்லை. வெவ்வேறு தட்டுகளைக் கலந்து அடுக்கலாம். ஏதாவது ஒன்று பொதுவாக இருந்தால் போதும்: எல்லாவற்றுக்கும் நீலப் பூக்கள், அல்லது எல்லாவற்றுக்கும் தங்கக் கரை. பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலின் வார இறுதிப் பழம்பொருள் சந்தை போன்ற இடங்களில் ஒற்றைத் தட்டுகளும் கோப்பைகளும் கிடைக்கும். பேரம் பேசுவதற்கு முன் தட்டைத் திருப்பிப் பாருங்கள், சுண்டிப் பாருங்கள்.

எட்டுப் பேர், எட்டுத் தட்டுகள்

பிறந்தநாளன்று நாங்கள் எட்டுப் பேர். நல்ல தட்டுகளும் எட்டு. வெள்ளை விரிப்பு விரித்தோம். ரசத்தைச் சூப்பாக முதலில், புதிய கண்ணாடிக் கிண்ணங்களில். அடுத்துப் பொரித்த மீன். பிறகு சோறும் ஆட்டிறைச்சிப் பிரட்டலும். கடைசியாகப் பங்களாவில் பாட்டி கற்றுக்கொண்ட கேரமல் கஸ்டர்ட்.

பாட்டியை மேசையின் தலைமாட்டில் உட்கார வைத்தோம். இரண்டு முறை பரிமாற எழுந்தார். "உட்காருங்க பாட்டி," என்று தம்பி தோளைப் பிடித்து அமர்த்தினான். பக்கத்துத் தட்டின் முள்கரண்டி கோணலாக இருந்ததை மட்டும் கை நீட்டிச் சரிசெய்தார். சோற்றைக் கையால்தான் பிசைந்து சாப்பிட்டார். "கரண்டி அழகுக்கு இருக்கட்டும்," என்றார். யாரும் எதுவும் சொல்லவில்லை. விருந்தாளிக்கு வசதியாக இருப்பதுதானே மேசை விதிகளின் நோக்கம்?

கஸ்டர்ட் முடிந்ததும் பாட்டி கரண்டியையும் முள்கரண்டியையும் தட்டில் சேர்த்து வைத்தார். நான் எழுந்து வலப்பக்கமாகச் சென்று தட்டை எடுத்தேன்.

அன்றிரவு கழுவும்போது ஒரு சாசர் என் கையிலிருந்து நழுவி இரண்டாக உடைந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாட்டி துண்டுகளைப் பொறுக்கித் தாளில் சுற்றினார்.

"சாசர்தானே, விடும்மா. இன்னும் அஞ்சு இருக்கு."

இப்போது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் அலமாரி திறக்கிறது. மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலும் பூட்டிக் கிடக்கும் ஓர் அலமாரி இருக்கலாம். திறப்பதற்கு முன், அதை வைத்திருப்பவரிடம் அதன் கதையைக் கேளுங்கள். மறக்காமல் அவரை முதல் நாற்காலியில் உட்கார வையுங்கள்.