கண்டென் போட்ராங்

கண்டென் போட்ராங் என்பது கி.பி. 1642 முதல் 1959 வரை திபெத்தில் நிலவிய சமய முடியாட்சி அரசின் பெயராகும். தலாய் லாமா இவ்வரசின் தலைவராக விளங்கினார். மன்னரின் மகன் மன்னராகும் வழக்கம் இங்கு இல்லை. இறந்த தலாய் லாமாவின் மறுபிறவி எனக் கண்டறியப்பட்ட குழந்தையே அடுத்த தலாய் லாமாவாக அரியணையில் அமர்த்தப்பட்டது.

திபெத்திய பௌத்தம் ஒரே அமைப்பு அன்று. அதில் நியிங்மா, காக்யு, சாக்கியா, கெலுக், சோனாங் முதலான பல மரபுகள் உள்ளன. பௌத்தத்துக்கு வெளியே பொன் என்னும் சமயமும் உண்டு (இச்சொல்லுக்கும் தமிழில் தங்கத்தைக் குறிக்கும் 'பொன்' என்னும் சொல்லுக்கும் தொடர்பில்லை). 1642இல் அரசு கெலுக் மரபின் கைக்கு வந்தது. அதன் பின்னர் பிற மரபுகளுள் சில செழித்தன, சில ஒடுங்கின, ஒன்று நடுத் திபெத்திலிருந்தே அகற்றப்பட்டது. இந்த வேறுபாட்டுக்குக் கோட்பாட்டுச் சண்டைகளே காரணம் எனப் பழைய நூல்கள் பல கூறுகின்றன. ஆனால் நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், உள்நாட்டுப் போரில் எந்த மடாலயம் யாருடைய பக்கம் நின்றது என்பதே பெரும்பாலும் அதன் விதியை முடிவு செய்ததாகத் தெரிகிறது.

பெயர்

கண்டென் என்பது துசித உலகத்தின் திபெத்தியப் பெயர். இனி வரவிருக்கும் புத்தரான மைத்திரேயர் இவ்வுலகில் இருப்பதாகப் பௌத்தர்கள் நம்புகின்றனர். மணிமேகலையில் துடிதலோகம் எனக் குறிப்பிடப்படுவதும் இதுவே. போட்ராங் என்பதற்கு அரண்மனை என்று பொருள். லாசா நகருக்கு அருகிலுள்ள திரேபுங் மடாலயத்தில் இரண்டாம் தலாய் லாமா வாழ்ந்த மாளிகைக்கு முதலில் இப்பெயர் வழங்கிற்று. பின்னர் வந்த தலாய் லாமாக்களும் அங்கேயே தங்கினர். ஐந்தாம் தலாய் லாமா ஆட்சித் தலைவரானபோது மாளிகையின் பெயரே அரசின் பெயராயிற்று.

மரபுகள்

திபெத்திய மரபுகள் ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறான சமயங்கள் அல்ல. எல்லா மரபினரும் மகாயானத்தையும் தாந்திரிக வழிபாட்டையும் ஏற்கின்றனர். எந்த ஆசிரியரிடமிருந்து எந்த உபதேசம் வழிவழியாக வந்தது என்பதே முதன்மையான வேறுபாடு.

நியிங்மா என்றால் 'பழையது' எனப் பொருள்படும். 8ஆம் நூற்றாண்டில் மன்னர் திரிசோங் தெத்சென் காலத்தில், இந்தியாவிலிருந்து வந்த பத்மசம்பவர், சாந்தரட்சிதர் ஆகியோர் வழியாகப் பரவிய உபதேசங்களைப் பின்பற்றுவது இம்மரபு. பத்மசம்பவர் மறைத்து வைத்ததாகக் கருதப்படும் 'தெர்மா' என்னும் புதையல் நூல்கள் இன்றுவரை கண்டெடுக்கப்பட்டு வருவதாக இம்மரபினர் கொள்கின்றனர்.

சாக்கியா மரபின் தலைமை மடாலயம் 1073இல் நிறுவப்பட்டது. இதன் தலைமை கோன் என்னும் குடும்பத்துக்குள்ளேயே இருந்து வந்தது. துறவியான தலைவருக்குப் பின் அவருடைய உடன்பிறந்தாரின் மகன் பதவிக்கு வருவது வழக்கம். இக்குடும்பத்தைச் சேர்ந்த பக்பா என்பவர் மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் சமய குருவானார். துறவி அருளாசி வழங்குவார், மங்கோலியர் படைவலிமை தருவார் என்னும் இந்த 'குரு-புரவலர்' உறவே திபெத்தில் துறவிகள் நாடாளும் முறைக்கு முன்மாதிரி எனலாம்.

காக்யு மரபு மார்பா, மிலரேபா, கம்போபா என்னும் ஆசிரியர் வரிசையிலிருந்து தோன்றிப் பல கிளைகளாகப் பிரிந்தது. அவற்றுள் கர்ம காக்யு கிளையின் தலைவர் கர்மபா எனப்படுவார். ஒரு தலைவரின் மறுபிறவியைக் கண்டறிந்து அவரிடமே பதவியையும் மடாலயச் சொத்தையும் ஒப்படைக்கும் முறை 13ஆம் நூற்றாண்டில் கர்மபாக்களிடமே வேரூன்றியது. தலாய் லாமாக்களின் தனிச்சிறப்பாக இன்று அறியப்படும் இம்முறை, உண்மையில் அவர்களுடைய போட்டியாளர்களிடமிருந்து வந்தது.

கெலுக் மரபு இவற்றுள் இளையது. சோங்கபா (1357–1419) என்பவர் 1409இல் கண்டென் மடாலயத்தை நிறுவினார். திரேபுங் 1416இலும் செரா 1419இலும் தோன்றின. துறவு ஒழுக்கத்தையும் தர்க்கக் கல்வியையும் இம்மரபு வலியுறுத்தியது. தலாய் லாமாவே இம்மரபின் தலைவர் என்று பலர் எண்ணுவதுண்டு. ஆனால் முறைப்படியான தலைவர் 'கண்டென் திரிபா' எனப்படும் கண்டென் பீடாதிபதி ஆவார். அது மறுபிறவியால் வரும் பதவி அன்று, கல்வியாலும் மூப்பாலும் அடையப்படுவது.

சோனாங் மரபைப் பற்றிக் கீழே தனியாகக் காண்க.

1642ஆம் ஆண்டு

1578இல் மங்கோலியத் தலைவர் அல்தான் கான், கெலுக் துறவியான சோனம் கியாட்சோவுக்குத் தலாய் லாமா என்னும் பட்டத்தை வழங்கினார். தலாய் என்பது மங்கோலிய மொழியில் கடலைக் குறிக்கும். கியாட்சோ என்பதன் பொருளும் அதுவே. அவருக்கு முன்னிருந்த இருவருக்கும் பட்டம் பின்னோக்கி வழங்கப்பட்டதால் அவர் மூன்றாம் தலாய் லாமா எனப்படுகிறார். நான்காமவர் அல்தான் கானின் குடும்பத்திலேயே பிறந்தார். இவ்வாறு கெலுக் மரபுக்கு மங்கோலிய ஆதரவு உறுதிப்பட்டது.

அப்போது நடுத் திபெத்தில் வலிமை பெற்றிருந்தவர்கள் சிகாட்சே நகரிலிருந்து ஆண்ட சாங் அரசர்கள். அவர்கள் கர்ம காக்யு மரபின் புரவலர்கள். கெலுக் மடாலயங்களுக்கும் அவர்களுக்கும் பகை முற்றியது. கோசுட் மங்கோலியரின் தலைவரான குசிரி கான் கெலுக் தரப்புக்குத் துணையாகப் படையெடுத்தார். முதலில் கிழக்கே, பொன் சமயத்தை ஆதரித்த பேரி அரசரை வென்றார். பின்னர் சிகாட்சேயைக் கைப்பற்றினார். 1642இல் அந்நகரிலேயே ஐந்தாம் தலாய் லாமாவிடம் (1617–1682) திபெத்தின் அதிகாரத்தை ஒப்படைத்தார். அரசர் என்னும் பட்டத்தையும் படையையும் குசிரி கான் தம்மிடமே வைத்துக்கொண்டார். நாள்தோறும் நடந்த ஆட்சியை 'தேசி' எனப்படும் நிருவாகத் தலைவர் கவனித்தார். எனவே தொடக்கத்தில் இது மூவர் பகிர்ந்துகொண்ட ஆட்சியாகும். 1645இல் பொட்டாலா அரண்மனையின் கட்டுமானம் தொடங்கியது.

பிற மரபுகளின் நிலை

கர்ம காக்யு தோற்ற பக்கத்தில் இருந்தது. அதன் மடாலயங்கள் பல கெலுக் மரபுக்கு மாற்றப்பட்டன. பத்தாம் கர்மபா தப்பிச் சென்று, இன்றைய சீனாவின் யுன்னான் மாகாணத்திலுள்ள லிசியாங்கில் நெடுங்காலம் வாழ்ந்தார். சிறந்த ஓவியராகவும் அவர் அறியப்படுகிறார். பிற்காலத்தில் லாசா திரும்பித் தலாய் லாமாவைச் சந்தித்தார்.

காக்யுவின் மற்றொரு கிளையான துருக்பாவின் கதை வேறானது. அதன் தலைவருள் ஒருவரான நகவாங் நம்கியால், சாங் அரசருடன் ஏற்பட்ட பிணக்கால் 1616இலேயே தெற்கே சென்று பூட்டான் அரசை நிறுவியிருந்தார். புதிய லாசா அரசு பூட்டான் மீது பலமுறை படையெடுத்தும் வெல்ல இயலவில்லை. இவ்வாறு இமயமலையின் இருபுறமும் இரு மரபுகளின் இரு சமய அரசுகள் உருவாயின.

நியிங்மா மரபுக்கு இதே காலத்தில் அரச ஆதரவு கிடைத்தது என்பது முதற் பார்வைக்கு வியப்பளிக்கும். கோட்பாட்டின்படி பார்த்தால் கெலுக் மரபிலிருந்து மிகத் தொலைவில் இருப்பது இதுவே. புதையல் நூல்களின் நம்பகத்தன்மையைக் கெலுக் அறிஞர் பலர் ஐயுற்றனர். ஆனால் ஐந்தாம் தலாய் லாமாவின் பிறந்த குடும்பம் நியிங்மாவோடு நெருக்கமானது. அவரே நியிங்மா சடங்குகளில் ஈடுபாடு கொண்டிருந்தார். 1676இல் மிண்ட்ரோலிங் மடாலயத்தை நிறுவிய தெர்தக் லிங்பாவும் அவரும் ஒருவருக்கொருவர் ஆசிரியராகவும் மாணவராகவும் இருந்தனர். இதனைக் கெலுக் துறவிகள் எல்லோரும் விரும்பவில்லை. 1717இல் லாசாவைக் கைப்பற்றிய சுங்கார் மங்கோலியர் கெலுக் மரபில் கடும்பற்றுள்ளவர்கள். அவர்கள் மிண்ட்ரோலிங், தோர்சே திராக் ஆகிய நியிங்மா மடாலயங்களை அழித்தனர். தெர்தக் லிங்பாவின் தம்பியும் பேரறிஞருமான லோச்சென் தர்மசிரீ 1718இல் கொல்லப்பட்டார். மடாலயங்கள் பின்னர் மீண்டும் கட்டப்பட்டன.

சோனாங்

கோட்பாட்டுக்காகத் தண்டிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் மரபு சோனாங் ஆகும். இதன் பேராசிரியர் தோல்போபா (1292–1361). எல்லாப் பொருள்களும் தமக்கெனத் தனி இயல்பு இல்லாத சூனியமே என்பது மகாயான பௌத்தத்தின் பொதுக் கருத்து. இறுதி உண்மையும் இதற்கு விலக்கன்று என்பது கெலுக் மரபின் நிலை. தோல்போபா இதனை மறுத்தார். உலகப் பொருள்கள் சூனியமே. ஆனால் எல்லா உயிர்களிடத்தும் உள்ள புத்த இயல்பு, தனக்குப் புறம்பான மாசுகள் இல்லாமையால் மட்டுமே சூனியம் எனப்படுகிறது. அது தானே இல்லாதது அன்று என்றார். மேகம் நீங்கிய பின்னும் வானம் எஞ்சி நிற்பதைப் போன்றது இது. இக்கொள்கை 'செந்தோங்', அதாவது பிறிதின் சூனியம், எனப்படுகிறது. இந்திய மெய்யியலைப் படித்தவர்களுக்கு வேதாந்தத்தின் சாயல் இதில் தென்படலாம். கெலுக் அறிஞர்களும் ஏறத்தாழ இதே குற்றச்சாட்டையே முன்வைத்தனர்.

தாரநாதர் (1575–1634) காலத்தில் சோனாங் உச்சத்தை அடைந்தது. இந்தியாவில் பௌத்தத்தின் வரலாற்றை 1608இல் எழுதியவர் இவரே. இவருடைய ஆசிரியர்களுள் புத்தகுப்தநாதர் என்னும் தென்னிந்திய யோகியும் ஒருவர். தாரநாதர் சாங் அரசரின் ஆதரவுடன் 1615இல் தாக்தென் மடாலயத்தைத் தொடங்கினார்.

அந்த ஆதரவே பின்னர் ஆபத்தாக முடிந்தது. தாரநாதர் இறந்து எட்டாண்டுகளில் சாங் அரசு வீழ்ந்தது. 1650ஆம் ஆண்டிலிருந்து தாக்தென் மடாலயம் கெலுக் மடாலயமாக மாற்றப்பட்டுக் கண்டென் புந்சோக்லிங் எனப் பெயரிடப்பட்டது. செந்தோங் நூல்களின் அச்சுப் பலகைகள் முத்திரையிடப்பட்டன. காரணம் கோட்பாடுதானா? செந்தோங் கருத்தைக் காக்யு, நியிங்மா மரபினர் பலரும் ஏற்றனர். அதற்காக அவர்களுடைய மடாலயங்கள் மூடப்படவில்லை. 18ஆம் நூற்றாண்டில் காக்யு அறிஞர் சித்து பஞ்சென், நியிங்மா அறிஞர் சேவாங் நோர்பு ஆகியோர் அக்கருத்தை வெளிப்படையாகவே பரப்பினர். சோனாங்குக்கு நேர்ந்தது வேறு. அதன் தலைமையிடம் தோற்ற அரசரின் நாட்டுக்குள் அமைந்திருந்தது. காப்பாற்ற வேறு புரவலரும் இல்லை.

சோனாங் அத்துடன் அழிந்துவிட்டதாகவே வெளியுலக ஆய்வாளர்கள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை எண்ணினர். ஆனால் லாசாவின் கை எட்டாத அம்தோ பகுதியில் சம்தாங் முதலிய இடங்களில் அதன் மடாலயங்கள் இடையறாது இயங்கி வந்தன. அவை இன்று சீனாவின் சிச்சுவான், சிங்காய் மாகாணங்களில் உள்ளன.

தாரநாதரின் மறுபிறவி பற்றிய செய்தியும் குறிப்பிடத்தக்கது. அவர் இறந்த மறு ஆண்டில் ஒரு மங்கோலியத் தலைவரின் மகனாகப் பிறந்த சனபசார், தாரநாதரின் மறுபிறவி என அறிவிக்கப்பட்டு, கெலுக் மரபில் வளர்க்கப்பட்டார். இவ்வாறு சோனாங்கின் மிகப் பெரிய ஆசிரியர் வரிசை கெலுக்குக்குச் சொந்தமாயிற்று. அவ்வரிசையில் எட்டாமவரே, 1911இல் மங்கோலியா விடுதலையை அறிவித்தபோது போக்து கான் என்னும் பெயரில் அதன் மன்னரானார். 1924இல் அவர் இறந்ததும் மங்கோலியாவின் முடியாட்சி முடிவுற்றது.

மறுபிறவியும் வாரிசு உரிமையும்

மறுபிறவியால் வாரிசைத் தேர்ந்தெடுக்கும் அரசுக்கு ஓர் அமைப்புக் குறை உண்டு. ஒவ்வொரு மன்னரும் குழந்தையாகவே அரியணைக்கு வருவதால், அவர் வளரும் வரை பதிலாளுநரே நாட்டை ஆள வேண்டும். ஐந்தாம் தலாய் லாமா 1682இல் இறந்ததை அவருடைய தேசி சங்கியே கியாட்சோ 15 ஆண்டுகள் மறைத்து வைத்தார். பொட்டாலாவின் செவ்வரண்மனை அந்த இடைவெளியில்தான் கட்டி முடிக்கப்பட்டது. ஒன்பதாம் தலாய் லாமா முதல் பன்னிரண்டாமவர் வரை நால்வரும் இளமையிலேயே இறந்தனர். ஒன்பதாமவர் பத்து வயதைத் தாண்டவில்லை. ஆகவே 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி பதிலாளுநர்களின் ஆட்சியாகவே கழிந்தது.

மறுபிறவியை அங்கீகரிக்கும் அரசு, அதைத் தடை செய்யவும் முடிந்தது. கர்ம காக்யுவின் இரண்டாம் நிலைத் தலைவரான சாமர்பா இதற்குச் சான்று. பத்தாம் சாமர்பா நேபாளத்தில் இருந்தபோது கூர்க்கர்கள் திபெத்தின் மீது படையெடுத்து, 1791இல் தசிலும்போ மடாலயத்தைக் கொள்ளையிட்டனர். அவர்களைத் தூண்டியவர் இவரே எனக் குற்றஞ்சாட்டப்பட்டது. அவர் 1792இல் இறந்தார். அவருடைய மடாலயம் பறிமுதல் செய்யப்பட்டது. சாமர்பா இனிப் பிறக்கக் கூடாது எனவும் ஆணையிடப்பட்டது. மறுபிறவிகள் மறைவாகக் கண்டறியப்பட்டு வந்தபோதும், தடை 1960களில்தான் பதினான்காம் தலாய் லாமாவால் நீக்கப்பட்டது.

ரிமே

19ஆம் நூற்றாண்டில் கிழக்குத் திபெத்தின் காம் பகுதியில் 'ரிமே', அதாவது பக்கச்சார்பின்மை, எனப்படும் இயக்கம் தோன்றியது. சாக்கியா மரபைச் சேர்ந்த சம்யாங் கியென்சே வாங்போ (1820–1892), காக்யு மரபைச் சேர்ந்த சம்கோன் கோங்துருல் (1813–1899) ஆகியோர் இதன் முன்னோடிகள். கோங்துருல் பொன் சமயக் குடும்பத்தில் பிறந்தவர். மரபுகளை ஒன்றாகக் கலப்பது இவர்கள் நோக்கமன்று. அழியும் நிலையிலிருந்த உபதேசங்களை, சோனாங் உட்பட எல்லா மரபுகளிலிருந்தும் தேடித் தொகுத்தனர். லாசாவின் நேரடி ஆட்சிக்கு உட்படாத தெர்கே போன்ற சிற்றரசுகளில் இது நிகழ்ந்தது தற்செயல் அன்று.

1959க்குப் பின்

1959 மார்ச்சில் பதினான்காம் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்தார். சீன அரசு லாசா அரசைக் கலைத்தது. நாடுகடந்த திபெத்தியரின் நாடாளுமன்றத்தில் நியிங்மா, காக்யு, சாக்கியா, கெலுக் ஆகிய நான்கு மரபுகளுக்கும் பொன் சமயத்துக்கும் தலா இரண்டு இடங்கள் ஒதுக்கப்பட்டன. 2011இல் தலாய் லாமா தம் அரசியல் அதிகாரத்தை முழுவதும் கைவிட்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரிடம் ஒப்படைத்தார். அதன்பின் கண்டென் போட்ராங் என்பது அவருடைய சமய அலுவலகத்தின் பெயராக மட்டும் எஞ்சியது. அப்பெயரிலுள்ள அறக்கட்டளைக்கே அடுத்த தலாய் லாமாவைக் கண்டறியும் உரிமை உண்டு என 2025 சூலையில் அவர் அறிவித்தார். சீன அரசு இதனை ஏற்கவில்லை.

பதினான்காம் தலாய் லாமா, சிம்லாவிலுள்ள சோனாங் மடாலயத்தின் பொறுப்பைத் தாரநாதரின் மறுபிறவி வரிசையில் ஒன்பதாமவரிடம் அளித்தார். அவர் 2012இல் காலமானார். நாடாளுமன்றத்தில் தங்களுக்கும் தனி இடம் வேண்டும் எனச் சோனாங் மரபினர் 2010களில் கோரிக்கை எழுப்பினர்.