விமானப் பயண மைல் கணக்குத் திருட்டு

விமானப் பயண மைல் கணக்குத் திருட்டு என்பது, ஒரு பயணி விமான நிறுவனத்தில் வைத்திருக்கும் மைல் கணக்கில் வேறொருவர் திருட்டுத்தனமாக நுழைந்து, அதில் சேர்ந்துள்ள மைல்களைப் பயணச்சீட்டாகவோ பரிசு அட்டையாகவோ மாற்றிக்கொள்வதைக் குறிக்கும். மைல்களுக்குச் சந்தையில் பண மதிப்பு உண்டு. ஆனால் வங்கிக் கணக்கிற்கு உள்ள பூட்டுகளும் சட்டப் பாதுகாப்பும் மைல் கணக்கிற்குப் பெரும்பாலும் கிடையாது. இந்த இடைவெளியே இத்திருட்டுக்கு அடிப்படைக் காரணம் ஆகும்.

மைல்களின் பண மதிப்பு

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 1981 மே 1 அன்று ‘அட்வான்டேஜ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதே மாதத்தில் யுனைடெட் நிறுவனமும் ‘மைலேஜ் பிளஸ்’ திட்டத்தை அறிமுகம் செய்தது. தொடக்கத்தில், பறந்த தொலைவைக் கணக்கிட்டு, அடிக்கடி வரும் பயணிக்கு ஓர் இலவசப் பயணம் தருவதே நோக்கமாக இருந்தது. பின்னர் வங்கிகள் விமான நிறுவனங்களிடமிருந்து மைல்களை மொத்தமாக விலைக்கு வாங்கித் தம் கடன் அட்டை வாடிக்கையாளர்களுக்கு வழங்கத் தொடங்கின. இதனால் விமானம் ஏறாதவர்களின் கணக்கிலும் மைல்கள் சேர்ந்தன. விடுதி அறை, வாடகைக் கார், கடைப் பொருள் எனப் பலவற்றை மைல்களைக் கொண்டு வாங்கும் வசதியும் வந்தது.

இத்திட்டங்களின் மதிப்பு எவ்வளவு என்பது கொரோனா காலத்தில் வெளிப்படையாகத் தெரிந்தது. விமானங்கள் தரையில் நின்றபோது, டெல்டா நிறுவனம் 2020 செப்டம்பரில் தன் ‘ஸ்கை மைல்ஸ்’ திட்டத்தை ஈடாக வைத்து 900 கோடி டாலர் கடன் திரட்டியது. 2021 மார்ச்சில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தை ஈடாக வைத்து 1,000 கோடி டாலர் திரட்டியது. ஆகவே நிறுவனங்கள் மைலைப் பெரும் சொத்தாகவே மதிக்கின்றன. அதைப் பணமாக எண்ணிக் காக்காதவர் பெரும்பாலும் கணக்கின் உரிமையாளரே.

திருடர்கள் நாடுவதற்கான காரணங்கள்

வங்கிக் கணக்கில் பணம் குறைந்தால் உடனே குறுஞ்செய்தி வருகிறது. மைல் கணக்கைப் பலர் அடுத்த பயணத்திற்குச் சீட்டு எடுக்கும்போதுதான் திறந்து பார்க்கின்றனர். இரண்டு பயணங்களுக்கு இடையே பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள் கடந்துவிடும். திருட்டு நடந்தது தெரிய வரும்போது, திருடிய மைலில் எடுத்த சீட்டில் ஒருவர் பயணம் செய்து முடித்திருப்பார்.

மேலும், பல நிறுவனங்களின் மைல் கணக்குகள் நீண்ட காலம் வெறும் கடவுச்சொல்லையோ நான்கு இலக்க இரகசிய எண்ணையோ மட்டும் நம்பியிருந்தன. நான்கு இலக்க எண்ணில் மொத்தம் 10,000 சேர்க்கைகளே சாத்தியம். முயற்சிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்காத தளத்தில், கணினி நிரல் ஒன்று அவை அனைத்தையும் விரைவில் முயன்று பார்த்துவிடும்.

கணக்கில் நுழையும் வழிகள்

பிற தளங்களில் கசிந்த கடவுச்சொற்கள்

பரவலாகக் கையாளப்படும் வழி இதுவே. ஏதோ ஓர் இணையக் கடையிலோ விளையாட்டுத் தளத்திலோ கசிந்த மின்னஞ்சல் முகவரிகளையும் கடவுச்சொற்களையும் திருடர்கள் பட்டியலாகச் சேர்க்கின்றனர். தானியங்கி நிரல் கொண்டு அவற்றை விமான நிறுவனத் தளத்தில் வரிசையாக முயல்கின்றனர். ஒரே கடவுச்சொல்லை இரண்டு இடங்களில் பயன்படுத்தியவரின் கணக்கு திறந்துகொள்கிறது. விமான நிறுவனத்தின் கணினியில் ஊடுருவ வேண்டிய தேவையே எழுவதில்லை.

2014 டிசம்பரில் அமெரிக்கன், யுனைடெட் ஆகிய இரு நிறுவனங்களின் வாடிக்கையாளர் கணக்குகளில் இம்முறையில் நுழைந்தனர். அமெரிக்கன் ஏர்லைன்ஸில் ஏறத்தாழ 10,000 கணக்குகள் பாதிக்கப்பட்டன. யுனைடெட்டில் சுமார் 36 கணக்குகளில் மைல்கள் பயன்படுத்தப்பட்டிருந்தன. 2015 மார்ச்சில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் ‘எக்சிகியூட்டிவ் கிளப்’ கணக்குகளிலும் இதே போன்ற ஊடுருவல் நடந்தது. இணையத்தில் வேறிடங்களிலிருந்து பெற்ற விவரங்களைக் கொண்டு இது நடந்ததாக அந்நிறுவனம் விளக்கியது. பாதிக்கப்பட்ட கணக்குகளை அது தற்காலிகமாக முடக்கியது.

போர்டிங் பாஸ்

போர்டிங் பாஸில் அச்சிட்டுள்ள பார்கோடில் பயணியின் பெயர், ஆறு எழுத்து-எண் கொண்ட முன்பதிவுக் குறியீடான பி.என்.ஆர்., விமான எண் ஆகியவை இருக்கும். பல நேரங்களில் மைல் கணக்கின் உறுப்பினர் எண்ணும் இருக்கும். இவை மறையாக்கம் செய்யப்படுவதில்லை. கைப்பேசியில் உள்ள சாதாரணச் செயலி ஒன்றே அவற்றைப் படித்துவிடும்.

பல நிறுவனங்களின் தளத்தில் பி.என்.ஆர். எண்ணும் குடும்பப் பெயரும் இருந்தால் முன்பதிவைத் திறந்துவிடலாம். அதாவது, பி.என்.ஆர். எண்ணே கடவுச்சொல்லின் இடத்தில் இருக்கிறது. அக்கடவுச்சொல் சீட்டிலும் பெட்டியில் ஒட்டும் பட்டையிலும் அச்சாகி எல்லோர் கண்ணிலும் படுகிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2016 டிசம்பரில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் கார்ஸ்டன் நோல், நெமன்யா நிகோடியெவிச் ஆகிய ஆய்வாளர்கள் இக்குறையை விளக்கினர். பிறருடைய முன்பதிவைத் திறந்து, அதில் தம் உறுப்பினர் எண்ணைப் பதிந்து, அப்பயணத்தின் மைல்களைத் தமதாக்கிக்கொள்ளவும் முடியும் என்பதை அவர்கள் சுட்டிக்காட்டினர்.

ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபாட் 2020 மார்ச்சில் தம் போர்டிங் பாஸின் படத்தை இன்ஸ்டாகிராமில் வெளியிட்டார். ஓர் இணைய ஆர்வலர் அதிலிருந்த முன்பதிவுக் குறியீட்டைக் கொண்டு குவான்டாஸ் தளத்தில் நுழைந்தார். அப்பக்கத்தின் உள்நிரலில் அபாட்டின் கடவுச்சீட்டு எண்ணும் தொலைபேசி எண்ணும் இருந்தன. அவர் அதைத் தவறாகப் பயன்படுத்தாமல் உரியவர்களிடம் தெரிவித்தார்; குறை சரிசெய்யப்பட்டது.

போலி மின்னஞ்சலும் தொலைபேசி அழைப்பும்

“உங்கள் மைல்கள் இன்று நள்ளிரவுடன் காலாவதியாகின்றன” என்பது போன்ற மின்னஞ்சல்கள் பயணியை அவசரப்படுத்துகின்றன. அதிலுள்ள இணைப்பைத் தொட்டால், நிறுவனத்தின் தளம் போலவே தோன்றும் போலித் தளம் திறக்கும். அங்கே உள்ளிடும் கடவுச்சொல்லும் ஒடிபி எண்ணும் நேராகத் திருடரைச் சேரும். மைல்கள் உண்மையிலேயே காலாவதியாகும் தன்மை கொண்டவை என்பதால் இத்தகைய செய்தியைப் பலர் நம்பிவிடுகின்றனர்.

சில திருடர்கள் நிறுவன ஊழியரையே ஏமாற்றுகின்றனர். ‘ஸ்கேட்டர்டு ஸ்பைடர்’ என்னும் குழு, ஊழியரைப் போல் நடித்து உதவி மையங்களைத் தொலைபேசியில் ஏமாற்றி விமானத் துறைக்குள் நுழைய முயல்வதாக அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 ஜூன் இறுதியில் எச்சரித்தது.

நிறுவனங்களிடமிருந்தே கசியும் விவரங்கள்

பயணி எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தாலும் அவர் விவரங்கள் பல நிறுவனங்களின் கைகளில் உள்ளன. விமான நிறுவனங்களுக்குத் தகவல் தொழில்நுட்பச் சேவை வழங்கும் சீட்டா நிறுவனத்தின் கணினிகளில் 2021 தொடக்கத்தில் ஊடுருவல் நடந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அந்தக் குறிப்பிட்ட சேவையின் வாடிக்கையாளரே அன்று. ஆயினும் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் உள்ள மற்றொரு நிறுவனத்துடன் பகிர்ந்த தரவு வழியாக, அதன் ‘கிரிஸ்ஃபிளையர்’ உறுப்பினர்கள் சுமார் 5,80,000 பேரின் உறுப்பினர் எண்ணும் தகுதி நிலையும் வெளியேறின. அதே ஊடுருவலில் உலகெங்கும் ஏறத்தாழ 45 லட்சம் பேரின் விவரங்கள் பாதிக்கப்பட்டதாக ஏர் இந்தியா அறிவித்தது. 2011 ஆகஸ்ட் முதல் 2021 பிப்ரவரி வரை பதிவான பெயர், பிறந்த நாள், கடவுச்சீட்டு விவரம், உறுப்பினர் விவரம் முதலியவை அவற்றுள் அடங்கும், கடவுச்சொற்கள் கசியவில்லை.

2025 ஜூன் 30 அன்று குவான்டாஸ் நிறுவனம், தன் வாடிக்கையாளர் அழைப்பு மையம் பயன்படுத்திய வெளி நிறுவனத் தளம் ஒன்றில் ஊடுருவலைக் கண்டறிந்தது. 57 லட்சம் பேரின் விவரங்கள் அதில் இருந்தன. இங்கும் கடவுச்சொற்கள் கசியவில்லை. எனினும் பெயர், மின்னஞ்சல், உறுப்பினர் எண் ஆகியவை திருடர் கையில் இருந்தால், நம்பத்தக்க போலி மின்னஞ்சல் எழுதுவது அவர்களுக்கு எளிதாகிவிடும்.

பல விமான நிறுவனங்களுக்கும் விடுதிகளுக்கும் புள்ளிப் பரிமாற்றச் சேவை நடத்தும் பாயிண்ட்ஸ்.காம் தளத்தில் பெரும் ஓட்டைகள் இருப்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2023 மார்ச் முதல் மே வரை கண்டறிந்து தெரிவித்தனர். அதன் ஒரு நிர்வாகத் தளத்தைக் காத்த இரகசியச் சாவி, ‘இரகசியம்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாகவே இருந்தது. அந்நிறுவனம் ஓட்டைகளை அடைத்த பின்பே, ஆகஸ்டில், இச்செய்தி வெளியிடப்பட்டது.

திருடிய மைல்கள் செல்லும் இடம்

கணக்கில் நுழைந்த திருடர் முதலில் மின்னஞ்சல் முகவரியையோ தொலைபேசி எண்ணையோ மாற்றுவதுண்டு. அதன்பின் எச்சரிக்கைச் செய்திகள் உரியவருக்கு வராது. அடுத்து, மைல்களைப் பரிசு அட்டையாகவோ விடுதிச் சீட்டாகவோ மாற்றுவர். வேறு கணக்கிற்கு அனுப்புவர். அல்லது ஓரிரு நாளில் புறப்படும் விமானத்தில் மூன்றாம் நபரின் பெயரில் சீட்டு எடுப்பர். பயண நாள் நெருக்கமாக இருப்பதால், உரியவர் கவனிப்பதற்குள் விமானம் புறப்பட்டுவிடும்.

அம்மூன்றாம் நபர் பெரும்பாலும் திருடர் அல்லர். சமூக ஊடகத்தில் “பாதி விலையில் விமானச் சீட்டு” என்னும் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவராக இருக்கலாம். திருட்டு கண்டுபிடிக்கப்பட்டால் சீட்டு இரத்தாகும். அவர் விமான நிலையத்தில் நிற்க வேண்டிவரும். நிறுவனத்தின் விசாரணைக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். இவ்வாறு ஒரே திருட்டில் இருவர் இழக்கின்றனர்.

சட்டப் பாதுகாப்பின் குறை

இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட அறிவிப்பின்படி, வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாமல் மூன்றாம் தரப்பினால் நிகழ்ந்த மின்னணு மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், வாடிக்கையாளருக்கு இழப்புப் பொறுப்பு இல்லை. அமெரிக்காவில் கடன் அட்டை திருட்டுத்தனமாகப் பயன்படுத்தப்பட்டால் அட்டைதாரரின் பொறுப்பு 50 டாலருக்கு மேல் போகாது என்று சட்டம் கூறுகிறது. மைல்களுக்கு இத்தகைய விதி இல்லை. மைல்கள் உறுப்பினரின் சொத்து அல்ல என்றே பல நிறுவனங்களின் விதிமுறைகள் கூறுகின்றன. திருடுபோனதைத் திருப்பித் தருவது பெரும்பாலும் நிறுவனத்தின் முடிவைப் பொறுத்ததாக உள்ளது. எனவே வருமுன் காப்பது மைல் கணக்கில் மிகவும் முதன்மையாகிறது.

பாதுகாக்கும் முறைகள்

1. மைல் கணக்கிற்கு வேறெங்கும் பயன்படுத்தாத நீளமான கடவுச்சொல்லை வைக்க வேண்டும். நினைவில் வைப்பது கடினம் என்றால் கடவுச்சொல் மேலாண்மைச் செயலியைப் பயன்படுத்தலாம்.

2. கணக்குடன் இணைந்த மின்னஞ்சலை முதலில் காக்க வேண்டும். ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்னும் வசதி மின்னஞ்சல் வழியாகவே செயல்படுவதால், மின்னஞ்சலைப் பிடித்தவர் மைல் கணக்கையும் பிடித்துவிடுவார்.

3. நிறுவனம் இரண்டடுக்கு உறுதிப்படுத்தலை வழங்கினால் அதை இயக்க வேண்டும். குறுஞ்செய்தி வழி ஒடிபியைவிட, எண் உருவாக்கும் செயலியோ ‘பாஸ்கீ’ முறையோ பாதுகாப்பானது. சிம் அட்டையைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் திருடரிடம் குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்துவிடும். ஆனாலும் ஒன்றும் இல்லாததைவிடக் குறுஞ்செய்தி மேல்.

4. போர்டிங் பாஸ், பெட்டிப் பட்டை ஆகியவற்றின் படத்தைச் சமூக ஊடகத்தில் வெளியிடக் கூடாது. பெயரை மட்டும் மறைத்துப் பயனில்லை. பார்கோடிலும் அது உண்டு. பயணம் முடிந்து, மைல்கள் கணக்கில் ஏறியதை உறுதி செய்தபின் சீட்டைத் துண்டு துண்டாகக் கிழித்துவிட வேண்டும். விமான இருக்கையின் பையிலோ விடுதி அறையிலோ விட்டு வருவது நல்லதன்று.

5. மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் தொடாமல், முகவரியைத் தாமே உள்ளிட்டோ நிறுவனத்தின் செயலி வழியாகவோ கணக்கைத் திறக்க வேண்டும்.

6. பல திட்டங்களின் மைல்களை ஒரே இடத்தில் காட்டும் வெளிச் செயலிகளிடம் கடவுச்சொற்களை ஒப்படைக்கும் முன் யோசிக்க வேண்டும். அச்செயலியில் கசிவு ஏற்பட்டால் எல்லாக் கணக்குகளும் ஒருங்கே திறந்துவிடும்.

7. மாதம் ஒருமுறை வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும் நாளிலேயே மைல் இருப்பையும் பார்த்துவிடலாம். பயன்படுத்தாமல் விட்ட பழைய கணக்குகளும் இதில் அடங்கும். திருடருக்கு ஏற்றவை அவையே.

திருட்டு நடந்துவிட்டால்

முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும், பிறகு மைல் கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். திருடர் மின்னஞ்சலுக்குள் இருக்கும்போது மைல் கணக்கை மட்டும் மாற்றினால் அவர் மீண்டும் நுழைந்துவிடுவார். அடுத்து, நிறுவனத்தின் அதிகாரப்பூர்வத் தளத்தில் உள்ள எண்ணை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். தேடுபொறி விளம்பரங்களில் வரும் ‘வாடிக்கையாளர் சேவை’ எண்களை நம்பக் கூடாது. அவற்றுள் போலிகள் உண்டு.

விரைந்து தெரிவிப்பதன் பயன் பெரிது. திருடிய மைலில் எடுத்த சீட்டில் இன்னும் யாரும் பறக்கவில்லை என்றால், நிறுவனம் அதை இரத்து செய்து மைல்களைத் திருப்பி வைக்க இயலும். பறந்த பின் அவ்வாய்ப்பு குறைகிறது. இருப்புப் பட்டியல், மாற்றப்பட்ட முகவரி, வந்த மின்னஞ்சல்கள் ஆகியவற்றைத் திரைப்படமாகச் சேமித்து, எழுத்து வடிவில் புகார் அளித்து, புகார் எண்ணைப் பெற்றுக்கொள்ள வேண்டும். இந்தியாவில் 1930 என்னும் உதவி எண்ணிலும், தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் புகார் அளிக்கலாம். கணக்கில் கடன் அட்டை விவரம் சேமிக்கப்பட்டிருந்தால் வங்கிக்கும் அன்றே தெரிவிப்பது அவசியம்.