ஒரு கட்டளைக்கு ஐம்பது எழுத்து

அடையாறிலிருந்து ஒரு பொறியியல் மாணவி எழுதியிருக்கிறார். ஸ்பைக் என்ற மென்பொருளில் புரோகிராமை ஓட்டினால் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறதாம். ஒவ்வொரு கட்டளையையும் பதிவு செய்யச் சொன்னால் விடிய விடிய ஓடுகிறதாம். “வேகமான கம்ப்யூட்டர் வாங்க வேண்டுமா?” என்று கேட்கிறார். வேண்டாம் என்பதுதான் என் பதில்.

ஸ்பைக், ரிஸ்க்-ஃபைவ் என்ற வகைப் பிராசசரைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள். அவருக்குப் பக்கத்திலேயே, சென்னை ஐஐடியில் 2014-ல் தொடங்கிய ‘சக்தி’ பிராசசரும் அதே ரிஸ்க்-ஃபைவ் குடும்பம்தான். 2018-ல் அதன் ரைஸ்கிரீக் சிப் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டரில் உருவானது. ரிமோ சிப் சண்டிகரில் 180 நானோமீட்டரில் வந்தது. புதிய பிராசசர் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, அதன் பதிவை ஸ்பைக்கின் பதிவோடு வரிக்கு வரி ஒப்பிடுவார்கள். முதலில் எந்த வரி மாறுகிறதோ அங்கிருந்து பிழையைத் தேடலாம். ஆகவே பதிவை நிறுத்திவிடு என்று அந்த மாணவிக்குச் சொல்ல முடியாது.

பதிவின் ஒவ்வொரு வரியையும் நாம் படிக்கும்படி ஆக்கித் தருவது டிஸ்அசெம்பிளர். நினைவகத்தில் 00000013 என்றிருப்பதை ‘நாப்’ என்று எழுதும். சும்மா இரு என்று பொருள். 32 பிட்டில் கடைசி ஏழு பிட், கட்டளையின் வகை. அடுத்த ஐந்து, பெரும்பாலான கட்டளைகளில், விடை போய்ச் சேரும் ரிஜிஸ்டர். இப்படிப் பிரித்துப் படிப்பது கம்ப்யூட்டருக்கு ஒரு வேலையே இல்லை. நேரமெல்லாம் எழுதுவதில் போகிறது. நான்கு பைட் கட்டளை, முகவரியும் அடைப்புக்குறியும் கமாவும் சேர்ந்து ஐம்பது எழுத்துக்கு மேல் நீள்கிறது. ஒரு கோடிக் கட்டளை ஓடினால் அரை ஜிபிக்கு மேல் எழுத்து!

அந்த எழுத்தைச் சேர்க்கும் விதத்தில்தான் சூட்சுமம். ரிஜிஸ்டர் பெயருக்கு ஒரு ஸ்ட்ரிங், எண்ணுக்கு ஒன்று, இரண்டையும் ஒட்டி இன்னொன்று என்று நிரல் எழுதுவது படிக்கத் தெளிவாக இருக்கும். ஆனால் ஜிசிசி கம்பைலரின் சி++ நூலகத்தில் 15 எழுத்துக்கு மேல் போன ஸ்ட்ரிங் ஒவ்வொன்றும் நினைவகத்தில் தனி இடம் கேட்டு வாங்கி, திருப்பிக் கொடுக்கிறது. அச்சிட பிரின்ட்எஃப் என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்தினால், அது மாறாத அதே வடிவக் குறிப்பை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து படிக்கிறது.

இன்னொரு செலவு வரி முடிவில். அக்கா கல்யாணத்துக்கு மயிலாப்பூர் வீட்டில் உட்கார்ந்து கவருக்கு விலாசம் எழுதினோம். எல்லாம் எழுதி முடித்துப் பையில் போட்டுத்தான் தபாலாபீசுக்குப் போனோம். சி++-ல் வரி முடிக்கும் ‘எண்டில்’, ஒரு கவர் எழுதியதும் எழுந்து தபாலாபீசுக்கு ஓடச் சொல்கிறது: ஒவ்வொரு வரிக்கும் இயக்குதளத்தின் வாசலுக்கு ஒரு நடை. பல டிஸ்அசெம்பிளர்களுக்கு அடித்தளமான எல்எல்விஎம் திட்டம், எண்டிலைத் தவிர்க்கும்படி தன் விதிமுறையிலேயே எழுதி வைத்திருக்கிறது.

எனக்குப் பிடித்த விசித்திரம் வேறு. தாவல் கட்டளை வந்தால், தாவும் இடத்தின் முழு முகவரியை அச்சிடுகிறது ஆப்ஜ்டம்ப் என்ற டிஸ்அசெம்பிளர். ஸ்பைக்கின் டிஸ்அசெம்பிளரோ ‘இங்கிருந்து இத்தனை தள்ளி’ என்றுதான் எழுதும். இதனால் கட்டளை எந்த முகவரியில் இருந்தாலும், 32 பிட் ஒன்றாக இருந்தால் அதன் வாசகமும் ஒன்றே. லூப் லட்சம் தரம் சுற்றினாலும் உள்ளே இருப்பவை அதே சில கட்டளைகள்தான். ஆயிரம் அறை கொண்ட சிறு அட்டவணை வைத்து, ஒரு முறை எழுதிய வாசகத்தைச் சேமித்துக்கொண்டால் அடுத்த முறை நகல் எடுத்தால் போதும். அறையைத் திறந்ததும் 32 பிட்டும் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். முகவரியை எழுதுவதிலும் இப்படி மிச்சம் பிடிக்கலாம். தாவல் இல்லாதவரை அடுத்த வரியில் கூடுவது இரண்டோ நான்கோதான். பதினாறு இலக்கத்தில் பெரும்பாலும் கடைசி ஒன்றிரண்டே மாறும்.

நம் கல்லூரிகளில் வரிசைப்படுத்தும் முறைகளை வருடக்கணக்கில் கற்றுத்தருகிறோம். விடையை அச்சிட எவ்வளவு நேரமானது என்று தேர்வில் கேட்பதில்லை. அதனால்தான் தாமதம் வந்தவுடன் பிள்ளைகள் இயந்திரத்தைச் சந்தேகிக்கிறார்கள், பெற்றோர் தி. நகருக்குப் போய் புது லேப்டாப் வாங்கி வருகிறார்கள். எங்கே நேரம் போகிறது என்று அளந்து காட்ட லினக்ஸில் ‘பெர்ஃப்’ என்ற கருவி இலவசமாகக் கிடைக்கிறது. அளக்காமல் செலவழிப்பது தவறான பழக்கம். அதைப் பிள்ளைகளுக்குப் பழக்கியது நாம்தான்.

மாணவிக்கு: முதலில் பெர்ஃபை ஓட்டுங்கள். பட்டியலின் தலையில் இருப்பதை மட்டும் திருத்துங்கள். பழைய பதிவையும் புதிய பதிவையும் ‘டிஃப்’ என்ற ஒப்பிடும் கருவியில் போட்டுப் பாருங்கள். ஓர் இடைவெளி மாறினாலும் ஒப்பிடுகிறவர்கள் பிழை என்று அலைவார்கள். எதுவும் மாறவில்லை என்றால் திருத்தத்தை ஸ்பைக்குக்கே அனுப்பிவிடுங்கள். அதன் மூல நிரல் திறந்த நிரல், யாரும் அனுப்பலாம்.