அளவுக்கு உட்பட்டதும் படாததும்

சென்ற வாரம் நாம் பார்த்த தலைமைச் செயலகமும், உயர்நீதிமன்றமும், காற்றின் திசைக்கெல்லாம் திரும்பி நிற்கும் அந்தத் ‘திறந்த கை’ச் சின்னமும் சண்டிகரை நிர்மாணித்த லெ கொர்புசியேயின் மேதைக்குச் சாட்சி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 800 மீட்டருக்கு 1200 மீட்டர் என்று அளந்து போட்ட செக்டார்களிலேயே சுற்றிக்கொண்டிருப்பவனுக்கு, ஒரு கோணல் சந்தாவது கண்ணில் படாதா என்ற ஏக்கம் வந்துவிடுகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. அந்த ஏக்கத்துக்கு மருந்து தலைமைச் செயலகத்துக்கு அருகிலேயே, முதல் செக்டாரிலேயே இருக்கிறது.

நேக் சந்த் என்பவர் சாலை ஆய்வாளராக இருந்தவர். பிரிவினையின்போது, இன்று பாகிஸ்தானில் உள்ள தம் கிராமத்தை விட்டு வந்தவர். புதிய நகரத்துக்காக இடிக்கப்பட்ட பழைய கிராமங்களின் சிதைவுகளைச் சைக்கிளில் சுமந்து வந்து, கட்டடமே கூடாதென்று சர்க்கார் ஒதுக்கியிருந்த காட்டுக்குள்ளே, 1957 முதல் ஒருவருக்கும் தெரியாமல் தமக்கென்று ஒரு ராஜ்யத்தை அவர் உண்டாக்கிவந்தார். 1970களில் அது அதிகாரிகளின் கண்ணில் பட்டது. சட்டப்படி இடித்துத் தள்ளியிருக்க வேண்டும். அதற்கு மாறாக, 1976இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, அவருக்குச் சம்பளமும் ஐம்பது ஆட்களும் கொடுத்து, அதே வேலையைத் தொடரச் சொன்னார்கள். சர்க்கார் காரியங்களில் இப்படியொரு புத்திசாலித்தனம் அபூர்வம்.

இந்த ‘ராக் கார்ட’னின் வாசல்கள் குட்டையானவை, எவ்வளவு பெரிய மனிதரும் குனிந்துதான் புக வேண்டும். நிமிர்ந்தால், உடைந்த வளையல் துண்டுகளையே ஆடையாக உடுத்திய பெண்கள் வரிசை வரிசையாக நிற்கிறார்கள். சிமெண்டில் நெருக்கி நெருக்கிப் பதித்த சிவப்பும் பச்சையும் வெயில் பட்ட இடத்தில் பட்டுப்போல மினுங்குகின்றன. மின்சார இணைப்புகளிலிருந்து கழற்றிப் போட்ட பீங்கான் சாமான்களை அடுக்கியே எழுப்பிய சுவர் ஒன்றும் உண்டு.

பக்கத்திலுள்ள சுக்னா ஏரி, சிவாலிக் மலையோடையை மறித்து 1958இல் அமைத்தது. கொர்புசியேயின் உறவினரும் சகாவுமான பியேர் ஜானெரேயின் அஸ்தி, அவர் விருப்பப்படியே இந்நீரில் கரைக்கப்பட்டது. மாலையில் உலாவ நல்ல இடம். அதற்கு மேல் சொல்வதற்கில்லை.

அளவோடு அமைந்த அழகு எனக்கு விரோதமன்று என்பதற்குப் பின்ஜோரே சாட்சி. நகரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில், சிம்லா சாலையில், ஔரங்கசீப்போடு ஒரே செவிலித்தாயிடம் வளர்ந்த பிதாய் கான் 17ஆம் நூற்றாண்டில் ஏழு தட்டுகளாக அமைத்த உத்தியானம் அது. காஷ்மீரத்துத் தோட்டங்களில் கீழிருந்து ஏறிப் போகிறோம்; இங்கே உச்சித் தட்டில் நுழைந்து இறங்குவதால், தண்ணீரும் நம்மோடு கூடவே இறங்கி வருகிறது. பிதாய் கான் நெடுநாள் இதை அனுபவிக்கவில்லையாம். மொகலாயர் வரவை விரும்பாத மலைநாட்டு ராஜாக்கள், கழுத்துக் கழலையுள்ள பெண்களாகப் பொறுக்கியெடுத்துப் பழக்கூடைகளோடு அந்தப்புரத்துக்கு அனுப்பி, ‘இந்த ஊர்த் தண்ணீரின் குணம் இது’ என்று சொல்லவைத்தார்களாம். பேகம்கள் அலறிப் புடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்களாம். கர்ணபரம்பரைக் கதைதான். ஆயினும் இமயத்தின் அடிவாரத்தில் அயோடின் குறைவால் கழலை நோய் மிகுந்திருந்தது என்பது வைத்தியர்கள் அறிந்த விஷயமாதலால், ராஜாக்கள் சொன்னது முழுப் பொய்யுமன்று.

பின்ஜோரைத் தாண்டினால் கால்கா. 1903இல் திறந்த சிம்லா ரயில் புறப்படுவது அங்கேதான். அதில் அடுத்த வாரம் ஏறுவோம்.