நுண்சேவைகளுக்கிடையே செல்லும் செய்திகளைப் பார்த்து வழுவைக் கண்டறிதல்

மாணவர்களே, சேவைப் பயனர் கேட்கும், சேவையகம் பதில் தரும் என்பதை நீங்கள் வலையமைப்பு அலகில் கற்றிருக்கிறீர்கள். இன்றைய பெரிய பிரயோக மென்பொருள்களில் இந்தக் கேள்வி பதில் மென்பொருளின் உள்ளேயே நடைபெறுகிறது. அதனைப் பார்க்கத் தெரிந்தவரே வழுவின் இடத்தைச் சரியாகக் காட்ட முடியும்.

1. அடிப்படைச் சொற்கள்

நுண்சேவை: ஒரு பெரிய மென்பொருளில் ஒரு வேலையை மாத்திரம் செய்யும் சிறிய நிகழ்ச்சித்திட்டம்.

கொள்கலன்: நிகழ்ச்சித்திட்டத்தையும் அது இயங்கத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டிய பொதி. 2013 இல் வெளிவந்த டொக்கர் இதனைப் பரவலாக்கியது.

கொத்தணி: கொள்கலன்களை இயக்கும் கணினிகளின் கூட்டம். ஒவ்வொரு கணினியும் ஒரு கணு ஆகும். கூகிள் நிறுவனம் 2014 இல் வெளியிட்ட கியூபர்னெட்டிஸ் கொத்தணியை நிருவகிக்கும் மென்பொருளாகும். அது கொள்கலன்களைப் பொட் எனப்படும் அலகுகளில் வைத்து இயக்குகிறது.

ஏ.பி.ஐ.: ஒரு சேவை மற்றொன்றிடம் எதனை, எந்த வடிவில் கேட்கலாம் என்பதை வரையறுக்கும் இடைமுகம்.

2. நிகழ்வுப் பதிவு ஏன் போதாது?

வழு ஏற்பட்டதும் முதலில் பார்ப்பது நிகழ்வுப் பதிவையே. ஆனால் நிகழ்ச்சித்திட்டத்தை எழுதியவர் எதைப் பதியச் சொன்னாரோ அது மட்டுமே அதில் இருக்கும். சேவைகளுக்கிடையே உண்மையில் என்ன சென்றது என்பதை அறியச் செய்தியையே பார்க்க வேண்டும்.

3. பார்க்கும் வழிகள்

(அ) பொதிகளைப் பிடித்தல். 1988 இல் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தில் உருவான ரி.சி.பி.டம்ப், 1998 இல் ஈதரியல் என வெளிவந்து 2006 இல் பெயர் மாறிய வயர்ஷார்க் ஆகியன இதற்கு உதவுவன. கொத்தணியில் பொட்கள் அழிந்து புதிதாகத் தோன்றும்போது அவற்றின் ஐ.பி. முகவரியும் மாறும். ஆகவே முகவரியை மாத்திரம் கொண்டு சேவையை இனங்காண்பது கடினம்.

(ஆ) கொத்தணிக்கென அமைந்த கருவிகள். கியூப்ஷார்க் போன்றவை ஒவ்வொரு கணுவிலும் ஒரு சேகரிப்பானை இயக்கி, முகவரியைச் சேவையின் பெயருடன் பொருத்திக் காட்டும்.

(இ) இடைநிலைப் பதிலாள். 2017 இல் வெளிவந்த இஸ்ரியோ போன்றவற்றில், பொட்டுடன் இணைந்த பதிலாள் ஒன்றின் ஊடாகவே செய்திகள் செல்லும். எனவே அங்கே அவற்றை அளக்கலாம்.

4. எடுத்துக்காட்டு

இணையக் கடை ஒன்றில் முகப்பு, கட்டளை, இருப்பு, கொடுப்பனவு என நான்கு சேவைகள் உள்ளன என்க. 1,250 ரூபா பொருளை வாங்க முயலும் வாடிக்கையாளருக்கு 500 என்னும் வழு தோன்றுகிறது. கட்டளைச் சேவையின் நிகழ்வுப் பதிவில் "கொடுப்பனவு தோல்வி" என்று உள்ளது. எல்லோரும் கொடுப்பனவுச் சேவையையே குறை கூறுவர். செய்திகளைப் பார்த்தால்:

வரி 1: முகப்பு → கட்டளை, நிலைக்குறி 500
வரி 2: கட்டளை → இருப்பு, நிலைக்குறி 200, பதிலில் விலை "1,250.00"
வரி 3: கட்டளை → கொடுப்பனவு, நிலைக்குறி 400, கோரிக்கையில் தொகை 1, பதிலில் "தொகை மிகக் குறைவு"

இப்போது வரி 3 ஐக் கவனியுங்கள். 4 இல் தொடங்கும் குறி, கோரிக்கையில் பிழை உண்டு என்பதைக் குறிக்கும். 5 இல் தொடங்குவது, பதில் தரும் சேவையகத்தின் பக்கத்தில் பிழை என்பதைக் குறிக்கும். ஆகவே கொடுப்பனவுச் சேவை பிழை விடவில்லை, பிழையான தொகையைச் சரியாகவே மறுத்தது.

தொகை எவ்வாறு 1 ஆனது? வரி 2 இல் விலை எண்ணாக வராமல், காற்புள்ளியுடன் கூடிய எழுத்துச் சரமாக வந்துள்ளது. ஜாவாஸ்கிரிப்ற் மொழியின் பார்ஸ்புளோட் போன்ற சார்புகள் காற்புள்ளியைக் கண்டதும் வாசிப்பதை நிறுத்திவிடும். எனவே 1 மட்டுமே கிடைத்தது. வழு தொடங்கியது 200 என்று காட்டிய வரியிலேயே! 200 என்பது கோரிக்கை நிறைவேறியதைக் கூறுமேயன்றி, உள்ளடக்கம் சரியென உறுதி கூறாது. கொடுப்பனவுச் சேவை மறுத்திராவிட்டால் அந்தப் பொருள் ஒரு ரூபாவுக்கு விற்கப்பட்டிருக்கும்.

திருத்தம்: இருப்புச் சேவை விலையை எண்ணாக அனுப்ப வேண்டும். கட்டளைச் சேவை பெற்ற விலையின் வடிவத்தைச் சோதிக்க வேண்டும். பின்னர் அதே கோரிக்கையை அனுப்பி மூன்று வரிகளையும் மீண்டும் பார்க்க வேண்டும்.

5. மனதிற்கொள்க

செய்திகளில் கடவுச்சொல், அட்டை இலக்கம் போன்றனவும் செல்லும். ஆகவே அனுமதி பெற்ற பின்னரே பார்க்க வேண்டும். தேவையான சேவைகளை மாத்திரம் வடிகட்டி, வேலை முடிந்ததும் பிடிப்பதை நிறுத்திவிட வேண்டும். மறைகுறியாக்கப்பட்ட செய்தியைச் சாதாரணமாகப் பிடித்தால் உள்ளடக்கம் விளங்காது என்பதையும் மறவாதீர்கள்.

6. பயிற்சி வினா

மேற்கூறிய கடையில் முகப்பு → கட்டளை 504, கட்டளை → இருப்பு 200 (12 மில்லிசெக்கன்), கட்டளை → கொடுப்பனவு பதில் இல்லை (30 செக்கன்) எனக் காணப்படுகிறது. முதலில் எச்சேவையை ஆராய்வீர்? காரணம் தருக.

விடைக் குறிப்பு: கொடுப்பனவுச் சேவை. 504 என்பது பின்னால் உள்ள சேவையின் பதில் உரிய நேரத்தில் வராததைக் குறிக்கும். இருப்புச் சேவை விரைவாகப் பதில் தந்துள்ளது, கொடுப்பனவுச் சேவை 30 செக்கன் சென்றும் பதில் தரவில்லை. சேவையின் பெயரை மாத்திரம் எழுதி விட்டுவிடாதீர்கள். எந்த வரியைக் கண்டு அம்முடிவுக்கு வந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.