எல்லையோரக் கிராமத்தில் வீடு வாங்கப் போறீங்களா? மலையைப் பார்த்தது போதும், பத்திரத்தைப் பாருங்க!

பின்னாடி மலை, முன்னாடி வயல், நடுவுல ஒரு ஓட்டு வீடு. ஜூன் மாசம் ஆனா வாசல் வரைக்கும் சாரல். செங்கோட்டை, புளியரை, மேக்கரை பக்கத்து ரீல்ஸ் பார்த்துட்டு, ‘சென்னையில சிங்கிள் பெட்ரூம் வாங்குற காசுக்கு இங்க தோட்டத்தோட வீடே வாங்கிடலாம் போலயே’ன்னு கணக்குப் போட்டவங்க நிறைய பேர். நீங்களும் அதுல ஒருத்தரா? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

ஆசை தப்பே இல்லை. தென்காசி பக்கத்துல மத்தளம்பாறையில ஸோஹோ அலுவலகம் வந்த பிறகு, ‘கிராமத்துல இருந்தே ஐ.டி வேலை’ங்கிறது கனவு இல்லைன்னு எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு. சென்னைக்குப் போகணும்னா செங்கோட்டையில இருந்தே பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கு. மலையைத் தாண்டினா கேரளா. குற்றாலம் பக்கத்து ஊர். வேற என்ன வேணும்?

ஒண்ணு வேணும். அந்த வீட்டோட பழைய கதை. சாதாரண ஊர்ல வீடு வாங்குறதுக்கும் எல்லையோரத்துல வாங்குறதுக்கும் இருக்கிற பெரிய வித்தியாசமே அதுதான்.

வீடு நகரலை, கோடு நகர்ந்துச்சு

1956 நவம்பர் 1-க்கு முன்னாடி செங்கோட்டை தமிழ்நாட்டுல இல்லை. திருவிதாங்கூர் சமஸ்தானத்துல இருந்து, அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துல இருந்துச்சு. மொழிவாரியா மாநிலங்களைப் பிரிச்சப்போ, செங்கோட்டை தாலுகாவோட ஒரு பகுதி மட்டும் தமிழ்நாட்டுக்கு வந்துச்சு. ஆரியங்காவு மாதிரியான மேற்குப் பக்கம் கேரளாவுலயே தங்கிடுச்சு. ஒரே தாலுகா, ரெண்டு மாநிலம்!

இந்தப் பக்கம் வந்த பகுதி திருநெல்வேலி மாவட்டத்துல சேர்ந்துச்சு. அந்த மாவட்டத்துக்கே 1986-ல நெல்லை கட்டபொம்மன்னு பேர் மாறி, 1990-களோட கடைசியில மறுபடியும் திருநெல்வேலி ஆச்சு. 2019 நவம்பர்ல தென்காசி தனி மாவட்டம் ஆச்சு.

இதெல்லாம் பொது அறிவுக் கேள்வி மாதிரி இருக்கா? நீங்க வாங்கப் போற வீடு அசையாம அதே இடத்துல நின்னுச்சு. ஆனா அதோட பத்திரத்துல ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு முகவரி இருக்கும். தாத்தா காலத்துப் பத்திரத்துல திருவிதாங்கூர், அப்பா காலத்துல திருநெல்வேலி, 90-கள்ல நெல்லை கட்டபொம்மன், இப்போ தென்காசி. சர்வே நம்பரும் நடுவுல மாறியிருக்கலாம். ‘இது எல்லாமே ஒரே இடம்தான்’னு தாள் மூலமா நிரூபிக்க வேண்டியது விக்கிறவரோட பொறுப்பு. அதைக் கேட்டு வாங்க வேண்டியது உங்க பொறுப்பு.

‘ஆதாரம்’னா ஆதார் கார்டு இல்லை!

பழைய திருவிதாங்கூர் பகுதிகள்ல பெரியவங்க பேசுற நிலத்து பாஷையே தனி. அவங்க ‘ஆதாரம் இருக்கு’ன்னு சொன்னா, அது பத்திரம். ‘முன்னாதாரம்’னா அதுக்கு முந்தைய மூலப்பத்திரம். ‘போக்குவரவு’ன்னா நம்ம ஊர் பட்டா மாறுதல் மாதிரி, வாங்கினவர் பேருக்கு வருவாய்க் கணக்கை மாத்துறது. ‘கரம்’னா நிலவரி. கேரளாவுல இன்னிக்கும் இதே வார்த்தைகள்தான். பழைய பத்திரம் தமிழ்லயே இருந்தாலும் இந்த மாதிரி சொற்கள் நடுவுல வரலாம். மலையாளத்துல இருந்தா, ரெண்டு மொழியும் படிக்கத் தெரிஞ்ச வக்கீல்கிட்ட காட்டுங்க. கூகுள் லென்ஸை நம்பி அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க.

தேதியிலயும் ஒரு சிக்கல் இருக்கு. பழைய பத்திரத்துல ‘1100-ம் ஆண்டு’ன்னு போட்டிருந்தா பயந்துடாதீங்க. அது கொல்லம் ஆண்டு. அதோட 825 கூட்டினா ஆங்கில ஆண்டு கிடைச்சிடும். கொல்லம் ஆண்டு ஆகஸ்ட்லயே பிறந்துடுறதால, ஆகஸ்ட்ல இருந்து டிசம்பர் வரைக்குமான தேதிக்கு 824 கூட்டணும். அதாவது கொல்லம் 1100-ங்கிறது 1924-25. இது தெரிஞ்சாதான் எந்தப் பத்திரம் முதல்ல, எது அடுத்ததுன்னு வரிசையா அடுக்க முடியும்.

வில்லங்கச் சான்று: போன்ல பார்த்தா போதுமா?

தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளத்துல வில்லங்கச் சான்றை உட்கார்ந்த இடத்துலயே பார்க்கலாம். நல்ல வசதி. ஆனா பெரும்பாலும் 1975-க்குப் பிறகான பதிவுகள்தான் ஆன்லைன்ல வரும். அதுக்கு முன்னாடி உள்ளதுக்கு சார்பதிவாளர் அலுவலகத்துல மனு போட்டு, பழைய புத்தகங்கள்ல தேடச் சொல்லணும். எல்லையோர வீட்டோட முக்கியமான திருப்பங்களே 1975-க்கு முன்னாடிதான் நடந்திருக்கும். அதனால இந்த நடையை மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க.

அதே மாதிரி, ஒரு கிராமம் நடுவுல வேற சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மாத்தப்பட்டிருந்தா, ரெண்டு ஆபீஸ்லயும் தேடணும். பழைய சர்வே நம்பர், புது சர்வே நம்பர் ரெண்டையும் கொடுத்துத் தேடணும். ஒரு நம்பரை மட்டும் போட்டுத் தேடிட்டு, ‘வில்லங்கம் எதுவும் இல்லை’ன்னு வந்த தாளைப் பார்த்து நிம்மதி அடைஞ்சிடாதீங்க. நீங்க கேட்ட நம்பர்ல மட்டும்தான் வில்லங்கம் இல்லை!

இன்னொண்ணு. பதிவான விஷயங்கள் மட்டும்தான் வில்லங்கச் சான்றுல இருக்கும். வாய்வழியா பேசி முடிச்ச பாகப்பிரிவினை, பதியாத உயில் இதெல்லாம் அதுல வராது. கோர்ட்ல நடக்கிற வழக்கும் பல நேரம் வராது.

அத்தை புனலூர்ல இருக்காங்களா?

இதுதான் இந்தப் பக்கத்துல ரொம்பக் கவனிக்க வேண்டிய இடம். எல்லைக் கோடு வந்தாலும் கல்யாண உறவு நிக்கலை. செங்கோட்டையில பிறந்த பொண்ணு புனலூர்ல வாழ்க்கைப்பட்டிருப்பாங்க. கொல்லத்துல கடை வெச்ச தம்பி அங்கேயே தங்கியிருப்பாரு. வீட்டை விக்கிற அண்ணாச்சி, ‘தங்கச்சிக்கு நகை போட்டு அனுப்பிட்டோம், அவளுக்கு இதுல ஒண்ணும் இல்லை’ன்னு ரொம்ப வெள்ளந்தியாச் சொல்வாரு. அவர் பொய் சொல்லலை, அப்படித்தான் நம்பிட்டிருக்காரு. ஆனா சட்டம் அப்படிச் சொல்லலையே!

உயில் எழுதாம இறந்த ஒரு இந்து ஆணோட சொந்த சம்பாத்தியத்துல மனைவி, மகன், மகள், அம்மா எல்லாருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்துலயும் மகள்களுக்குச் சம உரிமை உண்டு. தமிழ்நாட்டுல 1989-லயும், நாடு முழுக்க 2005-லயும் இதுக்காக சட்டத்தைத் திருத்தினாங்க.

கிறிஸ்தவக் குடும்பத்து வீடுன்னா இன்னொரு கதை. திருவிதாங்கூர்ல 1916-ல வந்த கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, மகனோட பங்குல கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இதுல எது குறைவோ அதுதான் மகளுக்கு. 1986-ல மேரி ராய் வழக்குல, அந்தச் சட்டம் 1951-லயே செல்லாததாகிடுச்சு, இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஆக, ‘அந்தக் காலத்துலயே பொம்பளப் புள்ளைக்குக் கொடுத்து முடிச்சாச்சு’ங்கிற பேச்சை மட்டும் வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. முஸ்லிம் குடும்பங்களுக்கு அவங்களோட தனிநபர் சட்டம். அதுலயும் மகளுக்குப் பங்கு உண்டு.

அப்போ என்ன செய்யணும்? வாரிசுச் சான்றிதழைக் கேளுங்க. அதுல இருக்கிற ஒவ்வொரு பேரும் உங்க கிரயப் பத்திரத்துல கையெழுத்துப் போடணும், இல்லைன்னா ஏற்கெனவே பதிவு செஞ்ச விடுதலைப் பத்திரம் இருக்கணும். கேரளாவுல இருக்கிற அத்தை வர முடியாம பவர் கொடுத்திருந்தா, அந்தப் பவர் முறையா பதிவாகியிருக்கா, ரத்தாகாம இருக்கா, கொடுத்தவங்க உயிரோட இருக்காங்களான்னு பாருங்க. கொடுத்தவர் இறந்துட்டா சாதாரண பவரும் அதோட முடிஞ்சது. முடிஞ்சா அவங்ககிட்ட நீங்களே ஒரு வார்த்தை பேசிடுங்க. ஒரு போன்கால், பத்து வருஷ கோர்ட் அலைச்சலைத் தடுக்கும்.

பட்டாவுல ‘0 - 2.50’ன்னு இருந்தா எத்தனை சென்ட்?

கிராமத்துல பேச்சு சென்ட்ல நடக்கும். பட்டாவுல ஹெக்டேர், ஏர் கணக்குல இருக்கும். ஒரு ஏர்னா 100 சதுர மீட்டர். ஒரு சென்ட்னா 435.6 சதுர அடி. பட்டாவுல ‘0 - 2.50’ன்னு இருந்தா, 0 ஹெக்டேர் 2.50 ஏர். அதாவது 250 சதுர மீட்டர், சுமார் 2,690 சதுர அடி, கிட்டத்தட்ட 6.18 சென்ட். விக்கிறவர் ‘ஏழு சென்ட்’னு சொன்னா, பட்டாவுல இல்லாத 350 சதுர அடிக்கும் மேல உங்ககிட்ட காசு கேக்குறார்னு அர்த்தம்.

பட்டா, அ-பதிவேடு, புலப்பட வரைபடம் மூணையும் தமிழ்நாடு அரசோட இ-சேவை தளத்துல பார்க்கலாம். பட்டா யார் பேர்ல இருக்கு, கூட்டுப் பட்டாவா, நத்தமா, புறம்போக்கான்னு தெரிஞ்சிடும். புலப்படத்தைக் கையில வெச்சுக்கிட்டு, சர்வேயரை வெச்சு அளந்து பாருங்க. ஓடை, வாய்க்கால் பக்கத்துல இருக்கிற தோட்ட வீட்டுக்கு இது கட்டாயம். ‘ஓடை வரைக்கும் நம்ம இடம்தான்’ங்கிற வாக்குறுதி அளக்கும்போதுதான் பல் இளிக்கும்.

காலி மனையா இருந்தா, அங்கீகாரம் முக்கியம். அனுமதி இல்லாத மனைன்னா, அது 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடியே மனையா பதிவானதான்னு பார்க்கணும். மலையடிவாரம்னா, அந்தக் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்புப் பட்டியல்ல வருதா, காப்புக்காடு எவ்வளவு பக்கம்னு முதல்லயே விசாரிங்க. பட்டியல்ல இருந்தா வீடு கட்டத் தனி அனுமதி வேணும்.

கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

தமிழ்நாட்டுல முத்திரைத்தாள் கட்டணம் 7%, பதிவுக் கட்டணம் 2%. மொத்தம் 9%. கேரளாவுல 8%, 2%. மொத்தம் 10%. 30 லட்ச ரூபாய் வீடுன்னு வெச்சுக்கிட்டா, இங்க 2.70 லட்சம், அங்க 3 லட்சம். தமிழ்நாட்டுல 10 லட்சத்துக்குள்ள இருக்கிற சொத்தை ஒரு பெண் பேர்ல பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல 1% குறையும். 2025 ஏப்ரல்ல இருந்து இந்தச் சலுகை இருக்கு.

30,000 ரூபாய் வித்தியாசத்தைவிட பெரிய வித்தியாசம் வேற இருக்கு. கேரளாவுல 2008-ல வந்த நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் ரொம்பக் கறார். ஆவணத்துல ‘நிலம்’னு இருந்தா அது வயல். ‘புரயிடம்’னு இருந்தாத்தான் வீட்டு மனை. மண் போட்டு மேடாக்கித் தென்னை வெச்சிருந்தாலும், கணக்குல வயலா இருந்தா அனுமதி வாங்காம வீடு கட்ட முடியாது. நம்ம ஊர்ல எந்த இடத்தையும் ‘நிலம்’னு சொல்லிடுறோம். அங்க அந்த ஒரு வார்த்தையில உங்க மொத்த சேமிப்பும் மாட்டிக்கலாம்.

அமைதியையும் செக் பண்ணுங்க

பத்திரம் சரியா இருக்கு. நீங்க காசு கொடுக்கிறது அமைதிக்குத்தானே? அது நிஜமா அங்க இருக்கா?

செங்கோட்டை, புளியரை வழியா போற கொல்லம் தேசிய நெடுஞ்சாலைதான் இந்தப் பக்கத்துல கேரளாவுக்கு முக்கிய வாசல். காய்கறி, ஜல்லி, எம் சாண்ட்னு கனரக லாரிகள் போற பாதை. ரோட்டுல இருந்து ஒரு கிலோமீட்டர் உள்ள தள்ளி இருக்கிற தெருவுக்கும், ரோட்டை ஒட்டின வீட்டுக்கும் ராத்திரியில பெரிய வித்தியாசம் இருக்கும். பகல்ல பார்த்துட்டு முடிவு பண்ணாதீங்க. ராத்திரி பதினோரு மணிக்கு ஒருதடவை போய் நில்லுங்க.

சாரல் சீசன்ல மட்டும் பார்த்துட்டு வாங்காதீங்க. அந்தக் காத்து ஓட்டைத் தூக்குற காத்து. ஏப்ரல்ல ஒருதடவை போய்க் கிணத்தை எட்டிப் பாருங்க. வடகரை, மேக்கரை பக்கம் தோட்டத்தோட வீடுன்னா, யானை வருமான்னு பக்கத்துத் தோட்டக்காரரைக் கேளுங்க. தென்னை, வாழையோட நிலைமையே பாதி பதிலைச் சொல்லிடும்.

எல்லைக்கே உரிய தலைவலிகளும் உண்டு. 2024 டிசம்பர்ல திருநெல்வேலி பக்கத்துல நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதியில கேரளாவோட மருத்துவக் கழிவைக் கொட்டிட்டுப் போனாங்க. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு கேரளாவே திரும்ப அள்ளிட்டுப் போச்சு. யாரும் கவனிக்காத காலி இடம்னா இந்த ஆபத்து இருக்கு. அதனால வாங்கிப் போட்டுட்டு வருஷத்துக்கு ஒருமுறை வர்றதா இருந்தா, பார்த்துக்க நம்பிக்கையான ஒரு ஆள் வேணும். 2020 ஊரடங்குல எல்லையைத் தாண்ட இ-பாஸ் கேட்டதையும் மறந்துடாதீங்க. உங்க வேலையோ, அம்மாவோட ஆஸ்பத்திரியோ மலைக்கு அந்தப் பக்கம் இருந்தா, கோடு ஒருநாள் சுவராகலாம்.

அட்வான்ஸுக்கு முன்னாடி அஞ்சு கேள்வி

1. முதல் பத்திரத்துல இருந்து இப்போ உள்ள பத்திரம் வரைக்கும் சங்கிலி அறுபடாம இருக்கா? அசலைக் கண்ணால பார்த்தீங்களா?

2. பழைய, புது சர்வே நம்பர் ரெண்டுக்கும் வில்லங்கம் பார்த்தாச்சா? 1975-க்கு முன்னாடியும் தேடியாச்சா?

3. வாரிசுச் சான்றிதழ்ல இருக்கிற எல்லாரும் கையெழுத்துப் போடத் தயாரா, எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்களும் சேர்த்து?

4. பத்திரம், பட்டா, சர்வேயர் அளவு மூணும் ஒரே அளவைச் சொல்லுதா?

5. ராத்திரியிலயும் கோடையிலயும் அந்த வீட்டைப் பார்த்தீங்களா?

அஞ்சுக்கும் ‘ஆமா’ன்னு பதில் வந்தா தைரியமா பேரம் பேசலாம். ஒண்ணுக்கு ‘பார்த்துக்கலாம் தம்பி, எல்லாம் நம்ம ஆளுங்கதான்’னு பதில் வந்தா, டீயைக் குடிச்சிட்டு மரியாதையா கிளம்பிடுங்க. உங்க சேமிப்பும் அப்பாவோட பி.எஃப் பணமும் பத்திரமா இருந்தா, வேற வீடு கிடைக்கும். மலை எங்கேயும் போயிடாது.